ஆண்டறிக்கை 2024–25: ஆனைமலை – மூணாறு குழுப் பயணம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் அன்பு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்திரக் கூட்டங்களும் மரக்கன்று நடவும் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே, உறுப்பினர்கள் ஆவலுடன் எதிர்பார்த்ததும், திரும்பி வந்த பின் காரசாரமாக விவாதித்ததுமான ஆனைமலை – மூணாறு குழுப் பயணத்துக்கே இவ்வறிக்கையை ஒதுக்குகிறேன்.

பயணத்தைப் பிப்ரவரி இறுதியில் வைத்துக்கொள்ளலாம் என்பதே முதலில் எழுந்த யோசனை. வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் இரவிகுளம் தேசியப் பூங்கா வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பார்வையாளர்களுக்கு மூடப்படும் என்பதை வழிகாட்டி எடுத்துரைத்ததால், பொங்கல் விடுமுறை முடிந்ததும் புறப்படுவதெனச் செயற்குழு முடிவு செய்தது. ஒரே பெரிய பேருந்து அமர்த்தினால் செலவு குறையும் என்று சிலர் வாதிட்டனர். கொண்டை ஊசி வளைவுகளில் பெரிய வண்டி படும் பாட்டையும், நினைத்த இடத்தில் ஓரமாக நிறுத்திப் பார்க்க முடியாத நிலையையும் கருதி இரண்டு சிறிய வேன்களே அமர்த்தப்பட்டன.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது, தடுப்புச் சுவருக்கு அப்பால் பாறை விளிம்பில் ஒரு வரையாட்டுக் கிடா நின்றிருந்தது. உடல் கரும்பழுப்பாகவும், முதிர்ந்த கிடாக்களுக்கே உரிய வெளிர்நிறப் பட்டை முதுகில் தெளிவாகவும் இருந்ததால், அதன் வயதை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை வழிகாட்டி அங்கேயே விளக்கினார். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. அவற்றுள் ஒன்றைப் பத்தடி தொலைவில் பார்க்க வாய்த்தது. அதே நேரத்தில் மற்றொரு வண்டியிலிருந்து ஒருவர் அதன் முன் பிஸ்கட்டை நீட்டியதையும் பதிவு செய்ய வேண்டியுள்ளது. நம் உறுப்பினர்கள் சொல்லித் தடுத்தார்கள். அவர் அதை ரசிக்கவில்லை.

வால்பாறையில் தங்கிய நேரமே என் கணிப்பில் இப்பயணத்தின் சாரம். சுமார் 220 சதுர கி.மீ. பரப்புள்ள அம்மேட்டுநிலம் பெரும்பாலும் தேயிலைத் தோட்டமாகிவிட்டது. நடுநடுவே மழைக்காட்டின் துண்டுகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. புதுத்தோட்டம் பகுதியில் அத்தகைய துண்டு ஒன்றில் சிங்கவால் குரங்குக் கூட்டம் வாழ்கிறது. சாலையில் இறங்கினால் வண்டியில் அடிபடும் என்பதால், இருபுற மரங்களையும் இணைத்து மேலே தொங்குபாலங்கள் கட்டப்பட்டுள்ளன. வயிற்றோடு குட்டியை அணைத்தபடி ஒரு தாய்க்குரங்கு பாலத்தின் பாதிவரை வந்து, கீழே நின்ற எங்களை ஒரு நோட்டம் விட்டு, பிறகு அவசரமின்றிக் கடந்தது. தோட்டங்களின் வழியே யானைகள் நடமாடும்போது தொழிலாளர்களை எச்சரிக்க, கைப்பேசிக் குறுஞ்செய்திகளும், கைப்பேசி மூலம் எரியவிடக்கூடிய சிவப்பு விளக்குகளும் பயன்பாட்டில் உள்ளன. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்களும் வனத்துறையும் தோட்ட மக்களும் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு இது. மாலையில் அத்தகைய விளக்குக் கம்பம் ஒன்றின் அருகே தோட்டத் தொழிலாளி அம்மா ஒருவர், “லைட்டு எரிஞ்சா அந்தப் பக்கம் போகமாட்டோம், அவ்வளவுதான் சார்” என்று விளக்கியது, எந்த விரிவுரையைக் காட்டிலும் தெளிவாக இருந்தது.

வரைபடத்தில் வால்பாறைக்கும் மூணாறுக்கும் இடையே தொலைவு குறைவாகத் தெரிந்தாலும், நடுவே உள்ளது அடர்காடு. ஏறிய மலையை மீண்டும் இறங்கி, பொள்ளாச்சி, உடுமலை வழியாகவே செல்ல நேர்ந்தது. இந்தச் சுற்றுவழியை வீண் என்று குறைகூறியவர்கள் சின்னாறு எல்லையைத் தாண்டியதும் அமைதியானார்கள். அதே மலைத்தொடரின் மழைமறைவுப் பக்கம் அது. ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மி.மீ. மழையே பெறும் முட்காட்டில், நட்சத்திர ஆமையும் சாம்பல்நிற மலை அணிலும் வாழ்கின்றன. பழங்குடி வழிகாட்டி ஒருவருடன் ஆற்றோரம் நடந்தபோது, மருத மரக் கிளையில் நீண்டு படுத்திருந்த அணிலை அவர் காட்டும்வரை எங்களில் எவருக்கும் தெரியவில்லை. மறையூரில் கம்பிவேலிக்குள் காக்கப்படும் சந்தனக் காட்டைப் பார்த்து, வெல்லம் வாங்கிக்கொண்டு மேலேறினோம்.

மூணாறில் முன்பதிவு செய்திருந்த விடுதியில் அறைகள் குறைவாக ஒதுக்கப்பட்டதால் சிலர் நெருக்கியடித்துத் தங்க நேர்ந்தது. உரிய தொகை பின்னர் திருப்பித் தரப்பட்டது. மறுநாள் இரவிகுளத்தில், சொந்த வாகனங்களுக்கு அனுமதியில்லாததால் வனத்துறைப் பேருந்தில் இராஜமலைக்குச் சென்றோம். 97 சதுர கி.மீ. பரப்புள்ள இப்பூங்காவிலேயே உலகின் மிகப் பெரிய வரையாட்டுக் கூட்டம் வாழ்கிறது. தென்னிந்தியாவின் உயர்ந்த சிகரமான 2,695 மீட்டர் ஆனைமுடியும் இதனுள் அடங்கும். கூட்டம் மிகுதியாக இருந்ததால், நடைபாதையில் நின்று நிதானமாகப் பார்க்க வாய்ப்பில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. குறிஞ்சி மலரைக் கேட்டவர்களுக்கு: 2018இல் பூத்தது, அடுத்து 2030.

புலியும் சிறுத்தையும் கண்ணில் படவில்லை, கட்டணத்துக்கு ஏற்ற பயனில்லை என்று இரு உறுப்பினர்கள் எழுத்து மூலம் தெரிவித்துள்ளனர். அவர்களது கருத்தை மதிக்கிறேன்; ஆயினும் விலங்கைக் காட்டித்தருவதாகச் சங்கம் எவ்விடத்திலும் உறுதியளிக்கவில்லை, அளிக்கவும் கூடாது. ஈரக்காடும் முட்காடும் உயர்மலைப் புல்வெளியும் ஒரே தொடரில் எப்படி அடுத்தடுத்து அமைகின்றன என்பதைத் தரைவழியே பார்ப்பதே நோக்கமாக இருந்தது, அந்நோக்கம் நிறைவேறியது.

அடுத்த ஆண்டுப் பயணத்தில் ஓரிடத்தைக் குறைத்து வால்பாறையில் கூடுதலாக ஓர் இரவு தங்குவது, உள்ளூர்ப் பழங்குடி வழிகாட்டிகளின் ஊதியத்தைத் தனித் தலைப்பில் ஒதுக்குவது, விடுதிகளிடம் அறை எண்ணிக்கையை எழுத்தில் பெற்ற பின்னரே முன்பணம் செலுத்துவது ஆகிய மூன்று பரிந்துரைகளையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இவண்,
செயலாளர்