ரீபோர் ஏன் பண்ணல்லன்னு கேட்டியள்லா அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்க நாங்க மூணு பேரும் சுகம். அம்மா மாத்திரையை விடாம சாப்பிடட்டும், ரப்பர் ஷீட் காயப்போட மாடிக்கு ஏற வேண்டாம்னு நான் சொன்னதா சொல்லுங்க. இதை தம்பி பிரிண்ட் எடுத்துத் தருவான், கண்ணாடி போட்டு பைய வாசிங்க, நீளமா இருக்கும்.

போன ஞாயிறு போன்ல நீங்க கேட்டிய, "3 லட்சத்து 40 ஆயிரம் கிலோமீட்டர் ஓடின எஞ்சினு, சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கி ரீபோர் பண்ணாம, பிஸ்டனைச் சுத்தி இருக்குற ரிங்கை மட்டும் மாத்தினா எப்படி மக்ளே நிக்கும்"னு. அப்ப டூட்டிக்குப் போற நேரம், ரெண்டு வரியில சொல்ற சங்கதியும் இல்ல. நீங்க கேட்டா அதுல ஒரு காரியம் இருக்கும், அதனால முதல்ல இருந்து முழுசா எழுதுறேன்.

கனடாவுல இந்த ஊருல வண்டி இல்லாம எனக்கு ஒண்ணும் நடக்காது. ராத்திரி டூட்டி முடிஞ்சு காலையில ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தா ஜனவரியில மைனஸ் 30 கிடக்கும், பஸ்சுக்கு நின்னா கண் இமையில பனி ஒட்டும். வின்னிபெக்ல நெறைய வண்டிக்கு முன்னால கிரில்லுல இருந்து ஒரு கரண்ட் வயர் தொங்கிக்கிட்டு இருக்கும், நீங்க பாத்தா என்னவாக்கும் இதுன்னு கேப்பிய. பிளாக் ஹீட்டர்னு ஒண்ணு, எஞ்சின் பிளாக்குல மாட்டியிருக்கும், கூலண்டை சூடு பண்ணும். ராத்திரி பிளக்குல சொருகி வச்சாதான் காலையில நிம்மதியா ஸ்டார்ட் ஆகும். ரேடியேட்டர்ல வெறும் தண்ணி ஊத்துற கதையே கிடையாது, ஆன்டிபிரீஸ் பாதி தண்ணி பாதி, அது மைனஸ் 37 வரைக்கும் உறையாது.

வண்டி 2005 கொரொல்லா, 1.8 பெட்ரோல். 2003ல நம்ம நாட்டுல கொரொல்லா வந்தப்ப அதுல இருந்த அதே 1இசட்இசட் எஞ்சின்தான், பிளாக் அலுமினியம், டைமிங்குக்கு பெல்ட் கிடையாது செயின். வாங்கும்போதே அதுக்கு வயசாயிட்டு, ஆனா பாடி நல்லா இருந்துச்சு, கியர் நல்லா விழுந்துச்சு. போன குளிருக்குப் பொறவு ஆயில் குடிக்க ஆரம்பிச்சுது, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் கிட்ட. காலையில ஸ்டார்ட் பண்ணினா பின்னால நீலப் புகை. ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன், வண்டியை ஸ்கிராப்புக்குக் குடுத்துருங்கன்னு சொன்னாவ. அவங்களைக் குத்தம் சொல்லதுக்கு இல்ல, இங்க கூலி மணிக்கணக்குல, எஞ்சினை இறக்கி ஏத்துற கூலியே வண்டி விலையைத் தாண்டிப் போவும். பழைய எஞ்சின் ஒண்ணை வண்டி உடைக்கிற யார்டுல இருந்து எடுத்துப் போடலாம்தான், ஆனா அதுவும் இதே வயசுதானே, உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

எனக்கு மனசு கேக்கல்ல. குலசேகரத்துல நம்ம ஷெட்டுல எஸ்டேட் ஜீப்பு எத்தனை வந்து கிடக்கும், இனி உருப்படாதுன்னு சொன்ன எஞ்சினை எல்லாம் நீங்க பிரிச்சு மாட்டி பேச்சிப்பாறை மேட்டுல ஏத்தி விட்டதை நான் சின்னதுலயே பாத்தவளாக்கும். எஞ்சின் மொத்தமா சாவாது, உரசுற இடம் மட்டும்தான் தேயும்னு நீங்கதான சொல்லுவிய.

முதல்ல கம்ப்ரஷன் பாத்தேன், சிலிண்டருக்குள்ள அமுக்கம் எவ்வளவு நிக்குதுன்னு. ஒண்ணு, ரெண்டு, நாலு எல்லாம் 150 பிஎஸ்ஐ பக்கம், மூணாவது 115 தான் காட்டுச்சு. பிளக் ஓட்டை வழியா மூணாவதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்பப் பாத்தா 160க்கு ஏறிட்டு. வால்வு ஓட்டைன்னா ஆயில் விட்டாலும் ஏறாதுல்லா, அப்ப இது ரிங்தான்னு தெளிவாச்சு.

எஞ்சினை இறக்க இங்க அயனி மரமும் இல்ல செயின் பிளாக்கும் இல்ல. சக்கரம் வச்ச கிரேன் வாடகைக்குக் கிடைக்கு, ஹைட்ராலிக் ஜாக்கியில தூக்கும். கராஜுக்குள்ள தள்ளிட்டு வந்து நானும் அவரும் கியர்பாக்ஸோட சேத்து மேல் வழியாத்தான் எடுத்தோம். அவருக்கு வண்டி வேலை தெரியாதுன்னாலும் நல்ல பொறுமை, ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனி கவர்ல போட்டு எந்த இடத்துப் போல்ட்னு எழுதி ஒட்டினாரு. வடிச்ச ஆயிலை எல்லாம் கேன்ல பிடிச்சு அதுக்குன்னு உள்ள இடத்துல கொண்டு குடுக்கணும், நம்ம ஊருல மாதிரி கரையான் வராம மரத்தூணுக்குப் பூசுறதெல்லாம் இங்க நடக்காது.

இனி உங்க கேள்விக்கு வாறேன். பிஸ்டனை வெளிய எடுத்தா ஆயில் ரிங் அசையவே இல்ல, காடியில கரி பிடிச்சு இறுகிப் போய் கிடக்கு. ரிங்குக்குப் பின்னால ஆயில் திரும்பி வடியுறதுக்கு சின்ன ஓட்டை இருக்கும்லா, அதுவும் அடைஞ்சு போச்சு. இதுக்கு காரணம் வண்டி ஓடின தூரம் மட்டும் இல்லப்பா. குளிர்ல பக்கத்துப் பக்கத்துல ஓட்டி ஓட்டி நிறுத்தினா ஆயில் முழுச் சூட்டுக்கு வராது, பெட்ரோலும் ஈரமும் ஆயில்ல கலந்து தங்கிரும். அப்பிடிப்பட்ட ஆயிலை நேரத்துக்கு மாத்தாம விட்டா கசடாகி ரிங்குலதான் போய் பிடிக்கும். இது தேஞ்சு போன எஞ்சின் இல்ல, மூச்சு அடைச்ச எஞ்சின்.

ஆனாலும் கண்ணால பாத்து நம்பக்கூடாதுன்னு அளந்து பாத்தேன். கூட வேலை பாக்குற ஒரு பிலிப்பினோ அக்காவோட வீட்டுக்காரர் மெஷின் ஷாப்ல இருக்காரு, சிலிண்டர் உள்விட்டத்தை அளக்குற போர் கேஜ் தந்து அளக்கவும் சொல்லித் தந்தாரு. ஸ்டாண்டர்ட் போர் 79 மில்லிமீட்டர். மேல, நடுவுல, கீழன்னு மூணு இடம், ஒவ்வொண்ணுலயும் நீளவாக்குல ஒண்ணு குறுக்க ஒண்ணு. மேல் ரிங் திரும்புற இடத்துலதான கூட தேயும், அங்கயே வித்தியாசம் 0.01 மில்லிமீட்டர்தான். கம்பெனியில போட்ட குறுக்குக் கீறல் கூட கீழ்ப் பக்கம் இன்னும் தெரியுது.

இன்னொண்ணு, நீங்க நெனைக்கிற மாதிரி ரீபோர் இதுல பண்ணவும் முடியாது. ஜீப்பு பிளாக் இரும்பு, மார்த்தாண்டத்துல லேத்துல குடுத்து போர் பண்ணி 20 சைஸ், 40 சைஸ்னு பெரிய பிஸ்டன் போட்டோம். இது அலுமினியத்துக்குள்ள வார்த்து வச்ச மெல்லிசு இரும்பு ஸ்லீவ், கம்பெனி ஓவர்சைஸ் பிஸ்டனே விடல்ல, தேஞ்சா பிளாக்கை மாத்துன்னுதான் மேனுவல்ல போட்டிருக்கு. போர் தேஞ்சு இருந்துச்சுன்னா நானும் இந்த வண்டியை விட்டிருப்பேன்.

அதனால ஹோனிங் மட்டும்தான். கம்பி நுனியில எல்லாம் சின்னச் சின்ன உருண்டையா கல்லு வச்ச பிரஷ் ஒண்ணு, பால் பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி இருக்கும். அதை டிரில்லுல மாட்டி ஆயில் விட்டு மேலயும் கீழயுமா ஓட்டினா சாஞ்ச கீறல் குறுக்கும் நெடுக்கும் விழும். புது ரிங் அந்தக் கீறல்ல உரசித்தான் செட் ஆகும், கீறல்ல ஆயிலும் நிக்கும்.

அது முடிஞ்சு கழுவுறது இருக்கே, அதை நான் உங்களுக்குக் கட்டாயம் சொல்லணும். நாம எல்லாத்தையும் டீசல்லதான கழுவுவோம். ஹோன் பண்ணின சிலிண்டரை டீசல்லயும் பெட்ரோல்லயும் கழுவினா எண்ணெய்தான் போவும், கல்லுப் பொடி அந்தக் கீறலுக்குள்ளயே இருந்துரும், பொறவு அதுவே புது ரிங்கை அரைச்சுத் தின்னும். சுடுதண்ணியும் பாத்திரம் கழுவுற சோப்பும் போட்டு பிரஷ்ஷால தேய்க்கணும், ஒடனே துடைச்சு ஆயில் பூசணும், இல்லன்னா துரு ஏறிரும். ஒரு வெள்ளைத் துணியில ஆயில் நனைச்சு உள்ள துடைச்சேன், சாம்பல் நிறமா வந்துச்சு. திரும்ப சோப்பு, திரும்ப துணி. துணி வெள்ளையாவே வெளிய வாற வரைக்கும் விடல்ல. ஆபரேஷன் தியேட்டர்ல வேலை பாக்குற எனக்கு இந்த ஒரு காரியத்துல யாரும் சொல்லித் தர வேண்டாம்.

ரிங்கோட ரெண்டு நுனிக்கும் நடுவுல உள்ள இடைவெளியையும் ஒவ்வொரு சிலிண்டர்லயும் பாத்தேன். ரிங்கை உள்ள விட்டு, பிஸ்டனைத் தலைகீழாப் பிடிச்சு அதால மட்டமா தள்ளி, பீலர் கேஜ் தகடு விட்டு அளக்கணும். எல்லாம் மேனுவல் சொன்ன அளவுக்குள்ள இருந்துச்சு. பிஸ்டன் ஓட்டையை எல்லாம் கையால டிரில் பிட்டைத் திருகித் திருகி சுத்தம் பண்ணினேன், மோட்டார் வச்சா அலுமினியம் கூடிப் போயிரும்.

கனெக்டிங் ராடு கிராங்குல மாட்டுற கான் பேரிங்கை அளக்க பிளாஸ்டிகேஜ்னு ஒண்ணு உண்டு, நீங்க பாத்தா ரொம்ப சந்தோசப்படுவிய. மெழுகு நூல் மாதிரி இருக்கும், ஒரு துண்டு வெட்டி கிராங்க் மேல வச்சு பேரிங் மூடியைப் போட்டு அளவா முறுக்கிட்டு, கிராங்கைத் திருப்பாம அப்பிடியே கழத்தணும். நூல் நசுங்கி எவ்வளவு அகலமாச்சோ அதை கவர்ல அச்சடிச்ச கோட்டோட ஒப்பிட்டா இடைவெளி தெரியும். நாலும் 0.04 மில்லிமீட்டர் பக்கம். நல்ல அளவாக்கும், கிராங்கை லேத்துக்கு அனுப்ப வேண்டிய வேலையே இல்ல, பேரிங் மட்டும் புதுசு போட்டேன்.

ஹெட்டுல நேர்ப் பட்டை வச்சு பீலர் விட்டுப் பாத்தேன், 0.05 மில்லிமீட்டருக்கு மேல வளைஞ்சிருந்தா மட்டமா சீவணும், வளையல்ல. வால்வு எல்லாம் உக்காந்து இருந்து கையாலயே சீட்டுல உரசி லேப் பண்ணினேன், நீங்க குச்சியை ரெண்டு உள்ளங்கையில வச்சு உருட்டுவியளே அதே வேலை, அது சத்தம் மாறும்போது செட் ஆச்சுன்னு எனக்கும் காதுக்குத் தெரிஞ்சுது. வால்வை அமுக்குற டாப்பெட்டுல ஸ்குரூ கிடையாது, இடைவெளி சரியில்லன்னா டாப்பெட்டையே வேற கனத்துல வாங்கிப் போடணும். இன்டேக் 0.15ல இருந்து 0.25, எக்சாஸ்ட் 0.25ல இருந்து 0.35. எக்சாஸ்ட்ல ஒண்ணுதான் மாத்த வேண்டி வந்துச்சு.

ஹெட் போல்ட்டு பத்து, எல்லாம் புதுசு. நடுவுல இருந்து வெளியில போற வரிசை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஆனா நாம பைப்பை மாட்டி கை சொல்லுற வரைக்கும் இழுப்போம், இதுல முதல்ல 49 நியூட்டன் மீட்டர், நம்ம பழைய கணக்குல 5 கேஜி-எம், அது முடிஞ்சு ஒவ்வொண்ணையும் சரியா 90 டிகிரி திருப்பணும். மரைப் பிடிப்பு ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்லா, அதனால முறுக்கை மட்டும் நம்பினா பத்து போல்ட்டும் ஒரே மாதிரி பிடிக்காது. திருப்புற டிகிரி ஒண்ணா இருந்தா போல்ட்டு நீளுறதும் ஒண்ணா இருக்கும், கேஸ்கட்டு மேல அமுக்கமும் ஒண்ணா விழும். ஒவ்வொரு போல்ட்டு தலையிலயும் வெள்ளை பெயிண்டால ஒரு புள்ளி வச்சேன், திருப்பி முடிச்சா பத்துப் புள்ளியும் ஒரே பக்கம் பாக்கணும். பாத்துச்சு. உங்க கை மேல எனக்கு நம்பிக்கை இல்லாம இல்லப்பா, உங்க கை காலம் முழுக்க வேலை பாத்த கை, எனக்கு அது கிடையாது, அதுக்குப் பதிலாத்தான் இந்த அளவு எல்லாம்.

அடியில ஆயில் நிக்கிற சம்ப்புக்கு கேஸ்கட் இல்ல, சிலிக்கான் பசைதான். டைமிங் செயின், டென்ஷனர், வாட்டர் பம்ப், ஆயில் சீல், பிசிவி வால்வு எல்லாம் கையோட மாத்தினேன். திரும்ப ஒருக்கா இறக்க எனக்கு தெம்பு இல்ல.

ஏத்தின பொறவு ஒடனே ஸ்டார்ட் பண்ணல்ல. பெட்ரோல் பியூஸைப் பிடுங்கிட்டு, பிளக் மாட்டாம, ஆயில் லைட்டு அணையுற வரைக்கும் விட்டு விட்டு செல்ப் அடிச்சேன். காஞ்ச பேரிங்கோட ஓட விட்டா இத்தனை வேலையும் ஒரு நிமிசத்துல போயிரும். லைட்டு அணைஞ்ச பொறவுதான் பிளக்கும் பியூஸும். சாவி போட்ட ஒடனே பிடிச்சுது. மாட்டும்போது பூசின ஆயில் எரிஞ்சு கொஞ்சம் புகைஞ்சுது, பொறவு நின்னுட்டு. சும்மா ஐடில்ல விடாம அன்னைக்கே ரோட்டுக்கு எடுத்துட்டுப் போனேன், கொஞ்சம் மிதிக்கிறது கொஞ்சம் விடுறது, அப்பிடி லோடு ஏறி இறங்கினாத்தான் ரிங் போர்ல ஒட்டும். 500 கிலோமீட்டர்ல முதல் ஆயிலை வடிச்சாச்சு, 5டபிள்யூ-30 ஊத்தியிருக்கேன்.

நேத்து கம்ப்ரஷன் பாத்தேன், நாலும் 190 பக்கம், ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் 5 கூட இல்ல. டிப்ஸ்டிக்குல ஆயில் போட்ட இடத்துலயே நிக்குது. இதுக்கு மேலயும் ரீபோர் பண்ணியிருக்கணும்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா சொல்லுங்க, ஏன்னு நான் கேக்கணும்.

கிறிஸ்மஸ்சுக்கு கருங்கல்லுக்கு ஊருக்கு வாற ஒரு சிஸ்டர்கிட்ட தம்பிக்கு முறுக்கை அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் ஒண்ணு குடுத்து விடுறேன். அவன்கிட்ட சொல்லுங்க, போல்ட்டை இளக்குறதுக்கு அதை எடுக்கக்கூடாது, முறுக்குறதுக்கு மட்டும்தான். கிளிக்னு கேட்ட ஒடனே கையை எடுத்துரணும். வேலை முடிஞ்சா அளவை ஆகக் குறைஞ்ச நம்பருக்கு இறக்கி வச்சுதான் பெட்டியில போடணும், இல்லன்னா உள்ள ஸ்பிரிங் தளர்ந்து பொய் அளவு காட்டும். அடுத்து வாற ஜீப்பு ஹெட்டுல நீங்க முதல்ல உங்க கையால முறுக்குங்க, பொறவு அவனை இதை வச்சுப் பாக்கச் சொல்லுங்க. உங்க கை எத்தனை காட்டுதுன்னு எனக்கு எழுதுங்கப்பா.

அம்மாகிட்ட கொஞ்சம் நேந்திரங்காய் வத்தலும் முந்திரிக்கொத்தும் அந்த சிஸ்டர் திரும்பி வரும்போது குடுத்து விடச் சொல்லுங்க.

உங்க மக