50 பார் மிச்சம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஸ்கூபா டைவிங் பற்றி வந்த கட்டுரை புதியவர்களுக்கு ஆர்வமூட்டும்படி இருந்தது. ஆனால் அதில் இரண்டு வரிகள் ஆபத்தானவை. டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் அளந்து, இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று காட்டும் கருவி) கையில் இருந்தால் கணக்கு எதுவும் போட வேண்டியதில்லை என்பது ஒன்று. எந்த ஆழமானாலும் சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்தத்தின் அலகு) மிச்சம் இருக்கும்போது மேலே கிளம்பினால் போதும் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வரியை நம்பி 30 மீட்டருக்கு இறங்கினால், ஒரு சிக்கல் வரும்போது ஒருவரல்ல, இருவர் உயிர் போகும். அதற்கு மட்டுமாவது திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

ஏன் என்று கணக்கே சொல்லும். நீருக்குள் 10 மீட்டருக்கு 1 பார் வீதம் அழுத்தம் ஏறும். மேற்பரப்பில் இருக்கும் 1 பாரையும் சேர்த்தால் 30 மீட்டரில் 4 பார். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுப்பவர் அங்கே 80 லிட்டர் இழுப்பார். பதற்றம் வந்தால் அந்த 20 லிட்டர் 30 ஆகும், அதற்கு மேலும் போகும். கூட்டாளிக்குக் காற்று தீர்ந்து இருவரும் ஒரே சிலிண்டரில் மூச்சு விடும் நிலையில் நிமிடத்துக்கு 60 லிட்டர். 30 மீட்டரில் அது 240. 12 லிட்டர் சிலிண்டரில் 50 பார் என்பது 600 லிட்டர்தான். இரண்டரை நிமிடத்தில் காலி. அதற்குள் முறையான வேகத்தில் மேலே வந்துவிட முடியாது.

உண்மையில் எவ்வளவு வேண்டும்? 30 மீட்டரில் நிதானத்துக்கு வந்து ஆக்டோபஸை, அதாவது கூட்டாளிக்கென வைத்திருக்கும் உபரி மூச்சுக் கருவியை, கொடுத்துக் கிளம்ப 1 நிமிடம்: 240 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழத்துக்கு ஏற ஏறக்குறைய 3 நிமிடம். வழியில் சராசரி அழுத்தம் 2.75 பார் என்பதால் 495 லிட்டர். உடலில் ஏறிய நைட்ரஜன் வெளியேற அங்கே 3 நிமிடம் நிற்க 270. கடைசி 5 மீட்டரை 1 நிமிடம் எடுத்து ஏற 75. மொத்தம் 1,080 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் இது 90 பார். பரவலாகப் புழங்கும் 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் கிட்டத்தட்ட 100 பார். இதே கணக்கை 12 மீட்டருக்குப் போட்டால் 588 லிட்டர், அதாவது 49 பார் வருகிறது. ஆக, கட்டுரை சொன்ன 50 பார் 12 மீட்டருக்குப் பொருந்தும் எண். அதை எல்லா ஆழத்துக்கும் நீட்டியதுதான் பிழை.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. 200 பாரில் இறங்கி 90 பாரைத் தொடாமல் வைத்தால் செலவழிக்க 1,320 லிட்டர்தான் இருக்கிறது; 30 மீட்டரில் 16 நிமிடம் வரும், கீழே இறங்கும் நேரமும் அதில் அடக்கம். பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் அட்டவணை அந்த ஆழத்துக்கு 20 நிமிடம் அனுமதிக்கிறது. அதாவது உடலில் கரையும் நைட்ரஜனுக்கான நேர வரம்பு வருவதற்கு முன்பே காற்றின் வரம்பு வந்துவிடுகிறது. சிலிண்டர் அழுத்தத்தைப் படிக்கும் டிரான்ஸ்மிட்டர் இல்லாத கம்ப்யூட்டருக்கு இது தெரியவே தெரியாது. டிரான்ஸ்மிட்டர் இருந்தாலும், கூட்டாளிக்கும் சேர்த்துக் காற்று ஒதுக்க வேண்டும் என்பதை அது தானாக நினைக்காது. எனவே திரும்பும் அழுத்தத்தைப் படகிலேயே கணக்கிட்டு ஸ்லேட்டில் எழுதிக்கொண்டு இறங்க வேண்டும்.

சரி, நைட்ரஜனையாவது கம்ப்யூட்டரிடமே விட்டுவிடலாமா? 1908-இல் பிரிட்டிஷ் உடலியலாளர் ஹால்டேனும் அவரது கூட்டாளிகளும் உடலை, நைட்ரஜன் வெவ்வேறு வேகத்தில் ஏறி இறங்கும் 5 திசுக் குழுக்களாகப் பிரித்து, பாதுகாப்பாக மேலேறுவதற்கான முதல் அட்டவணையைத் தந்தார்கள். இன்றைய பல கம்ப்யூட்டர்களில் ஓடும் பூல்மான் முறை 16 குழுக்களை எடுத்துக்கொள்கிறது. இரண்டுமே கணித மாதிரிகள்தான். கம்ப்யூட்டர் அளப்பது அழுத்தத்தையும் நேரத்தையும். நீங்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஃபின் அடித்தீர்களா, குளிரில் நடுங்கினீர்களா, உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு எட்டாது. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு இடையே ஒரு சிறு திறப்பு மூடாமலே இருக்கும். நுரையீரல் வடிகட்ட வேண்டிய நைட்ரஜன் குமிழ்கள் அதன் வழியே தமனிக்குப் போகலாம். அதையும் கம்ப்யூட்டர் அறியாது. திரையில் 2 நிமிடம் மிச்சம் என்று காட்டும்வரை கீழே இருந்து, வரம்பை மீறாமலே டிகம்ப்ரஷன் நோய்க்கு (கரைந்த நைட்ரஜன் உடலுக்குள் குமிழாவதால் வருவது) ஆளானவர்கள் உண்டு. கிரேடியண்ட் ஃபேக்டரை (பூல்மான் வரம்பில் எத்தனை சதவீதம் வரை போகலாம் என்று சொல்லும் இரண்டு எண்களை) மாற்ற முடியும் கம்ப்யூட்டரானால், மேல் எண்ணை 85 அல்லது அதற்குக் கீழே வையுங்கள். பூல்மான் அனுமதிக்கும் உபரி அழுத்தத்தில் 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வதாக அதற்குப் பொருள். ஒரே கம்ப்யூட்டரை இருவர் பகிர்வது கூடவே கூடாது. கூட்டாளி உங்களைவிட 3 மீட்டர் கீழே இருந்திருந்தால் அவருடைய கணக்கே வேறு. டைவின் நடுவே கம்ப்யூட்டர் செத்துவிட்டால் மெதுவாக ஏறி, 5 மீட்டரில் நின்று, வெளியே வந்து 24 மணி நேரம் நீரில் இறங்காதீர்கள். இன்னொன்றைக் கட்டிக்கொண்டு மறுபடி இறங்கினால், உடலில் ஏற்கெனவே இருக்கும் நைட்ரஜன் அதன் கணக்கில் இருக்காது.

மேலேறும்போது பெரும்பாலோர் அவசரப்படுவது கடைசி 5 மீட்டரில். அபாயம் அதிகமும் அங்கேதான். 30-லிருந்து 20 மீட்டருக்கு வரும்போது அழுத்தம் 4-லிருந்து 3 பாராகிறது, கால்பங்கு குறைவு. 10-லிருந்து மேற்பரப்புக்கு வந்தால் பாதியாகிவிடுகிறது. நுரையீரலில் உள்ள காற்று இரு மடங்கு விரியப் பார்க்கும். நுரையீரல் நிறைய மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம் ஏறினாலே அது கிழியக்கூடும். மூச்சை நிறுத்தாதே என்பது முதல் பாடமாக இருப்பது அதனால்தான்.

5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே மிதந்துவிடுகிறேன் என்பவர்கள், மூழ்குவதற்காகக் கட்டும் எடையை நிறைந்த சிலிண்டரோடு சோதித்தவர்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 200-லிருந்து 50 பாருக்கு வருவதற்குள் 2 கிலோவுக்கு மேல் காற்று போய்விடும். அவ்வளவு எடையை இழந்த பிறகுதான் நிற்க வேண்டியிருக்கிறது. எனவே 50 பார் உள்ள சிலிண்டரோடு, பி.சி.டி.யை (காற்றை நிரப்பியும் விட்டும் மிதப்பைக் கட்டுப்படுத்தும் சட்டையை) காலிசெய்து, இயல்பான மூச்சில் நீர் கண்மட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

கருவிகளில், விலையுயர்ந்த ரெகுலேட்டரைவிட (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் வாய்க்குத் தரும் கருவி) இறங்கும் முன் செய்யும் ஒரு சோதனையை முக்கியமாக நினைக்கிறேன். பிரஷர் கேஜைப் பார்த்தபடி ரெகுலேட்டரில் நான்கைந்து முறை ஆழமாக மூச்சிழுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் அது கீழே விழுந்து எழுந்தால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. படகில் அந்த இடுக்கு வழியாக வரும் காற்று போதும், ஒன்றும் தெரியாது. 30 மீட்டரில் நான்கு மடங்கு காற்று அதே இடுக்கு வழியாக வர வேண்டும், மூச்சு முட்டும். வால்வை முழுதாகத் திறந்து கால் சுற்று திருப்பி வைக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். மூடிய வால்வை யாரோ கால் சுற்று மட்டும் திறந்து அனுப்பிவிடும் தவறு அதிலிருந்துதான் வருகிறது. முழுத் திறப்பு, இல்லையேல் முழு மூடல்.

நைட்ராக்ஸ் (காற்றைவிட ஆக்சிஜன் கூடுதலாக உள்ள கலவை) ஆழமாகப் போவதற்கானது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. நேர்மாறு. ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு, 1.4 பாரைத் தாண்டக்கூடாது என்பது பொது வரம்பு. 32 சதவீதக் கலவையில் அது 33 மீட்டரிலேயே வந்துவிடும். மீறினால் முன்னறிவிப்பின்றி வலிப்பு வரலாம், வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவும். அதன் பயன் நைட்ரஜன் குறைவதுதான்: 30 மீட்டரில் இருந்தாலும் காற்றோடு 24 மீட்டரில் இருந்த அளவே நைட்ரஜன் ஏறும். சிலிண்டரை நீங்களே அனலைசரில் சோதித்து, வந்த சதவீதத்தைக் கம்ப்யூட்டரில் மாற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

டைவுக்குப் பிறகு விமானம் ஏற, ஒரே ஒரு சாதாரண டைவானால் 12 மணி நேரம், பல டைவுகளானால் 18 மணி நேரம், மேலேறும் வழியில் கட்டாயமாக நிற்கும் டிகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்பட்டிருந்தால் 24 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், தோலில் திட்டுகள், காரணமில்லாத அசதி என எது வந்தாலும் தசைப்பிடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். ஆளைப் படுக்கவைத்து, நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் 100 சதவீத ஆக்சிஜன் கொடுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் தண்ணீர். வலி குறைந்துவிட்டது என்று ஆக்சிஜனை நிறுத்தாதீர்கள், மறுபடி நீரில் இறக்கிச் சரிசெய்யவும் பார்க்காதீர்கள். அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். வழக்கமான முதல் சிகிச்சையே 18 மீட்டர் ஆழத்துக்கு நிகரான அழுத்தத்தில் தொடங்கி 4 மணி 45 நிமிடம் நடக்கும். அவருடைய டைவ் கம்ப்யூட்டரையும் கூடவே அனுப்புங்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் ஏறினார் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும்.

இப்படிக்கு,
ஸ்கூபா பயிற்றுநர் ஒருவர்