பெங்களூரிலிருந்து பாளையங்கோட்டை வரை, பேரனோடு

அன்பு மகளுக்கு,

நானும் உன் அப்பாவும் நலம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வர ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்றும், இந்த முறை மாப்பிள்ளை காரிலேயே அழைத்து வருவதாக இருக்கிறார் என்றும் சொன்னாய். ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தூரம் இரண்டு வயதுப் பிள்ளையை எப்படிச் சமாளிப்பது என்று நீ கேட்டதற்குத் தொலைபேசியில் பதில் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவன் உன் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டான். ஆகவே எழுதுகிறேன்.

முதலில், அவனை மடியில் வைத்துக்கொண்டு வரலாமா என்ற பேச்சே வேண்டாம். உன் அப்பா உட்பட இங்கே எல்லோரும் "மடியில் இருந்தால் அழமாட்டான், அந்த நாற்காலியில் ஏன் கட்டிப்போட வேண்டும்" என்றுதான் சொல்கிறார்கள். வண்டி வேகமாகப் போகும்போது திடீரென்று பிரேக் போட்டால், பன்னிரண்டு கிலோ பிள்ளையை எந்தத் தாயின் கையும் பிடித்து நிறுத்தாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தமும், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம் என்றும், மீறினால் 1,000 ரூபாய் அபராதம் என்றும் சொல்கிறது. அபராதத்துக்குப் பயந்து செய்கிற காரியம் இல்லை என்றாலும், உறவுக்காரர்களிடம் எடுத்துச் சொல்ல அது உதவும். இருக்கையில் குறித்திருக்கும் எடையும் உயரமும் இடம் கொடுக்கும்வரை, இப்போது போலவே பின்பக்கம் பார்த்த நிலையில் அவனை உட்கார வை. வழியில் அவன் எவ்வளவு அழுதாலும் வண்டியை நிறுத்திவிட்டுத் தூக்கு. ஓடுகிற வண்டியில் பெல்ட்டைக் கழற்றாதே. ஒருமுறை கழற்றிவிட்டால், அழுதால் கழற்றுவார்கள் என்று அவன் புரிந்துகொள்வான். அதன்பிறகு மதுரை வரை அந்த அழுகைதான்.

பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வேடிக்கை காட்டுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முன்னால் வருவதை நீ பார்த்து, "அதோ பார், யானை மாதிரி பெரிய லாரி" என்று கை நீட்டினால் அவனுக்கு ஒன்றுமே தெரியாது. அவன் கழுத்தைத் திருப்பித் தேடிவிட்டு, ஏமாந்து, சிணுங்குவான். அந்த லாரி நம் ஜன்னலைக் கடந்து பின்னால் போகும்போதுதான் அது அவன் கண்ணில் படும். ஆகவே நீ ஒரு மூச்சு பொறுத்து, அது உன் தோளுக்கு நேராக வரும் கணத்தில் சொல்ல வேண்டும். அவன் பக்கத்தில், பின் இருக்கையில், அவன் முகத்தைப் பார்த்தபடி நீ இருந்தால் இது தானாகவே கைகூடும். முன் இருக்கையில் இருந்துகொண்டு திரும்பித் திரும்பிப் பேசினால் உனக்குக் கழுத்து வலிதான் மிஞ்சும். மாப்பிள்ளையிடம் என் சார்பில் ஒன்று சொல்: வண்டி ஓட்டுகிறவர் ஓட்டுவதை மட்டும் பார்க்கட்டும், விளையாட்டுக் காட்டுவது அவர் வேலையன்று.

சுங்கச்சாவடிகளை அவனுக்கு விளையாட்டாக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சாலையில் டோல்கேட்டுக்குப் பஞ்சமே இல்லை. கிருஷ்ணகிரி, ஓமலூர், கொடைரோடு என்று வரிசையாக வரும். பாஸ்டேக் வந்தபின் காசு எண்ணிக் கொடுக்கும் வேலை இல்லாததால் வண்டி கொஞ்சம் நின்று நகர்ந்துவிடுகிறது. வண்டி கடந்ததும் கம்பம் பின்னால் இறங்குவதை அவனால் கண்ணாடி வழியே பார்க்க முடியும். அது இறங்கும் நேரம் பார்த்து "மூடு!" என்று நீ இரண்டு முறை சொல்லிக் காட்டு, அடுத்த சாவடியில் அவனே சொல்வான், கம்பமும் அவன் சொல் கேட்டு இறங்கும். இரண்டு வயதுக்காரனுக்கு உலகத்தில் எதுவும் அவன் சொன்னபடி நடப்பதில்லை. இது ஒன்றாவது நடக்கட்டும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. "இன்னும் எவ்வளவு நேரம்" என்பது அவனுக்குப் புரியாது, ஆனால் "அடுத்த கம்பம் வந்ததும் பையிலிருந்து ஒன்று எடுக்கலாம்" என்பது புரியும்.

அந்தப் பையைப் பற்றியும் சொல்கிறேன். விளையாட்டுச் சாமான்களை எல்லாம் கிளம்பும்போதே அவன் முன்னால் பரப்பிவிடாதே. பந்தியில் பாயசத்தையும் மோரையும் முதலிலேயே இலையில் ஊற்றிவிடுவதில்லை அல்லவா, அதுபோல ஒன்று ஒன்றாக வரட்டும். ஒரு பொருள் அவனைப் பத்து நிமிடம் பிடித்து வைத்தாலே பெரிது. அவன் அதைத் தூக்கி எறிவதற்கு முன்பே நீ வாங்கி மறைத்துவிட்டால், மதியத்துக்குமேல் அதுவே மறுபடியும் புதிதாகும். கனமான சாமான், எவர்சில்வர் டப்பா, மரப் பொம்மை எதுவும் வண்டிக்குள் வேண்டாம். பிரேக் போட்டால் அவை பறந்து வந்து அடிக்கும். வாயில் போட்டு விழுங்கக்கூடிய அளவில் சின்னச் சாமானும் வேண்டாம்.

தையல்காரரிடம் மிச்சத் துணி வாங்கி, ரவிக்கைத் துண்டு, பட்டுக் கரை, பழைய வேட்டி என்று ஒன்றோடொன்று முனை முடிந்து, எலாஸ்டிக் வாய் வைத்த ஒரு துணிப் பைக்குள் திணித்துத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அவன் பிடித்து இழுத்தால் சிவப்பு வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பச்சை வரும், பிறகு சரிகை வரும். முழுவதும் வெளியே வந்ததும் நீ திணித்துக் கொடு. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் பார்த்தேன், திணிப்பதைப் பார்ப்பதும் அதற்கு விளையாட்டாகத்தான் இருந்தது. ஆனால் அது நீளமானது, கழுத்தில் சுற்றிக்கொள்ளக்கூடியது; ஆகவே நீ பக்கத்தில் இருந்து பார்க்கும்போது மட்டும்தான் அது அவன் கையில் இருக்க வேண்டும், தூக்கம் வந்தால் உடனே எடுத்துவிடு.

கையில் ஒன்றுமே இல்லாமல் ஆடும் ஆட்டங்களை மறந்துவிடாதே. உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலையும் மடக்கி அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, ஆச்சிக்கு என்று சோறு கொடுத்து, மிச்சத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, விரல்களை நண்டு போல மெல்ல நடத்தி அக்குளில் போய்க் கிச்சுக்கிச்சு மூட்டுவோமே, அதற்கு இணையான விளையாட்டுச் சாமான் எந்தக் கடையிலும் இல்லை. நண்டு ஏறும் வேகத்தை நீ ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும். முழங்கை மடிப்பில் கொஞ்சம் நின்று அவனைப் பார்த்தால், இன்னும் தொடாமலே அவன் நெளிந்து சிரிக்கத் தொடங்குவான்.

இப்போது வழியைச் சொல்கிறேன். ஒரே நாளில் வந்து சேர வேண்டும் என்று மாப்பிள்ளை நினைப்பார். நான்கு வழிச்சாலை அப்படி ஆசை காட்டும். அந்த ஆசை வேண்டாம். மதுரையில் சித்தி வீட்டில் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலையில் வாருங்கள், சித்தியிடம் பேசிவிட்டேன். முதல் நாள் விடியற்காலை நாலரை மணிக்கு, தூக்கத்தோடு அவனைத் தூக்கி இருக்கையில் வைத்துக் கிளம்பினால், ஓசூரும் கிருஷ்ணகிரியும் அவன் தூக்கத்திலேயே கழிந்துவிடும். தருமபுரி தாண்டித் தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது விடிந்திருக்கும். விபத்துக்குப் பெயர் போன இறக்கம் அது, பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் தடுமாறும் இடம், ஆகவே அங்கே அவன் அழுதாலும் நிறுத்த நினைக்காமல் மெதுவாக இறங்கிவிடுங்கள். சேலத்தில் இட்லி.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவனைத் தொடர்ந்து உட்கார வைக்கக் கூடாது. நிறுத்துவது என்றால் ஓட்டலுக்குள் போய் மறுபடியும் ஒரு நாற்காலியில் உட்கார வைப்பதன்று. ஓட விட வேண்டும். அதற்கு நாமக்கல்லைப் போல ஓர் ஊர் அந்த வழியில் இல்லை. புறவழிச்சாலையை விட்டு ஊருக்குள் போனால், ஒரே பாறையாக நிற்கும் மலையும் அதன்மேல் கோட்டையும், கீழே கூரையே இல்லாமல் வெட்டவெளியில் நிற்கும் பதினெட்டு அடி ஆஞ்சநேயரும் இருக்கிறார்கள். அந்த உயரத்தை அவன் அண்ணாந்து பார்க்கட்டும், கால் ஓயும்வரை ஓடட்டும். பிறகு பரமத்தி வேலூரில் காவிரிப் பாலம் வரும். தண்ணீர் இருக்கிறதோ மணல்தான் இருக்கிறதோ, பாலத்தின் கம்பிகள் ஜன்னலில் வேகமாக ஓடுவதே அவனுக்குப் போதும். கரூரில் சீக்கிரமே மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டால், அவன் வழக்கமாகத் தூங்கும் நேரம் வேடசந்தூர் வரையிலான வறண்ட நீண்ட சாலையில் அமைந்துவிடும். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. தூங்குவதற்கு ஏற்ற இடம்.

செல்போனை நான் அறவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இந்த வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தைக் காலையிலேயே செலவழித்துவிட்டால் பிற்பகலில் கைவசம் ஒன்றும் இராது. திண்டுக்கல்லில் விழித்து, எல்லோரும் களைத்து, மதுரை வராதா என்று இருக்கும் நேரத்துக்கு அதை வைத்துக்கொள். மடியில் குனிந்து பார்த்தால் குமட்டல் வரும், இரண்டு வயதுக்குமேல் அது தொடங்கும் பருவம். ஆகவே கண்ணுக்கு நேராகப் பிடி. நம் வீட்டுக் கன்றுக்குட்டியையும் அப்பா தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதையும் எடுத்து அனுப்பியிருக்கிறேன். கதைகளும் சொல்லிப் பதிந்திருக்கிறேன், நடுநடுவே "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு நிறுத்தியிருக்கிறேன், அவன் பதில் சொல்லட்டும். அவனைத் தூங்க வைக்கச் சளி மருந்து கொஞ்சம் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதே.

தின்னக் கொடுப்பதும் ஒரு பொழுதுபோக்குதான், ஆனால் அங்கேதான் எனக்குப் பயம். நல்லெண்ணெய் தொட்ட சின்ன இட்லித் துண்டு, நன்றாக வெந்த கேரட், வாழைப்பழம் போதும். கொடைரோட்டுப் பக்கம் பன்னீர் திராட்சை விற்பார்கள். முழுதாகக் கொடுத்துவிடாதே, வண்டி நின்றபின் விதை எடுத்து, நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடு. மறுநாள் கோவில்பட்டி வந்ததும் மாப்பிள்ளை கடலை மிட்டாய் வாங்காமல் இருக்க மாட்டார். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம், வாங்கட்டும், உன் அப்பாவுக்கும் பிடிக்கும். ஆனால் அது நேராக டிக்கிக்குள் போக வேண்டும். நான்கு வயதுவரை நிலக்கடலை மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து உண்டு, ஓடும் வண்டியில் அது நடந்தால் ஓட்டுகிறவருக்கும் தெரியாது.

பங்குனி வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெற்கு நோக்கி வருவதால் காலையில் வெயில் இடப்பக்கமும் மதியத்துக்குமேல் வலப்பக்கமும் விழும். ஜன்னல் திரையை அதற்கேற்ப மாற்று. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது அவன் இருக்கைமேல் துண்டைப் போட்டுவிட்டுப் போனால் பெல்ட்டின் இரும்பு சுடாது. அவன் தூங்குகிறானே என்று ஒரு நிமிடம்கூடத் தனியாக விட்டுவிட்டு யாரும் காபி குடிக்கப் போக வேண்டாம். மூடிய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் பத்து டிகிரி ஏறிவிடும்.

இவ்வளவு செய்தும் அழுவான். ஈரமா, வெயிலா, பெல்ட் அழுத்துகிறதா, பசியா என்று பார். எதுவும் இல்லையென்றால் சாலையோரத்தில் அப்படியே நிறுத்தாமல், சர்வீஸ் ரோட்டில் இறங்கியோ பெட்ரோல் பங்கிலோ நிறுத்தி, தூக்கிக்கொண்டு நட. கால் மணி நேரம் போனால் போகட்டும், இங்கே யாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

சாஸ்தா கோயிலுக்கு இந்த வருடமும் பெரியப்பா வேன் பேசியிருக்கிறார். அந்த வேனில் அவன் இருக்கையை மாட்ட வழியில்லை என்பதால், நாம் மட்டும் உங்கள் காரிலேயே பின்தொடர்வோம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், நான் பார்த்துக்கொள்கிறேன். பொங்கல் பானையை மட்டும் வேனில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
அம்மா