கல்லைப் பற்றிய புத்தகத்தையும் உரசித்தான் பார்க்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் குணமாக்கும் கற்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. இரண்டு தடவை படித்தேன். கடைசிப் பத்தியில், கற்களைப் பற்றி நல்ல கையேடு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வண்ணப் படங்கள் நிறைய இருக்கின்றனவா, எத்தனை கற்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறது, எழுதியவருக்கு எத்தனை வருட அனுபவம் என்று பார்த்து வாங்குங்கள் என்று யோசனை சொல்லியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. இந்த மூன்றும் நன்றாக அமைந்த ஒரு புத்தகத்தால் எங்கள் தெருவில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் பேராசிரியர் இல்லை. ஒரு கல்லூரியின் ஜியாலஜி துறையில் 31 வருடம் ஆய்வக உதவியாளராக இருந்தேன். வருகிற கல்லைக் கழுவி, எண் எழுதி, சீட்டு ஒட்டிப் பெட்டியில் வைப்பதும், செய்முறைத் தேர்வு நாளில் மாணவர்கள் முன்னால் இருபது கல்லை வரிசையாக அடுக்குவதும்தான் வேலை. அத்தனை வருடம் கல்லோடு இருந்ததில் ஒரு பழக்கம் வந்துவிட்டது, சீட்டில் எழுதியிருப்பதை நம்புவதற்கு முன்னால் கல்லைத் திருப்பிப் பார்த்துவிடுவேன்.

எங்கள் எதிர் வரிசையில் ஒரு அம்மா இருக்கிறார்கள். பத்து வருடமாகச் சர்க்கரை. அவர்கள் மகள் ஆசையாக ஒரு கல் பெட்டியும் அதோடு ஒரு ஆங்கிலக் கையேடும் ஆன்லைனில் வாங்கித் தந்திருக்கிறாள். வழவழப்பான தாள், நானூறு பக்கத்துக்கு மேல், ஒவ்வொரு கல்லுக்கும் முழுப் பக்கப் படம். அதில் மாலக்கைட் என்ற பச்சைக் கல்லை ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்துக் காலையில் குடிக்கலாம் என்று இருந்ததாம். இவர்கள் மூன்று வாரமாகக் குடித்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில், அரை எலுமிச்சம்பழம் வேறு பிழிந்து, பழத்தையும் கல்லையும் ஒன்றாகவே ஊறப்போட்டு. இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாகவும் குறைத்துவிட்டார்கள். வயிறு புரட்டுகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் எனக்கு விஷயமே தெரியும்.

கல்லை வாங்கிப் பார்த்தேன். வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருந்த மெருகு ஒரு பக்கம் போய், தொட்டால் சொரசொரவென்று இருந்தது. வீட்டில் நீர்த்த அமிலம் ஒரு சின்ன பாட்டிலில் வைத்திருக்கிறேன், அதில் ஒரு சொட்டு விட்டேன். பொறுபொறுவென்று நுரைத்தது. துடைத்த பஞ்சு பச்சையாக வந்தது. மாலக்கைட் என்பது செம்பின் கார்பனேட். கல்லின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளப்பார்கள், இதற்கு மூன்றரையிலிருந்து நாலுக்குள்தான், அமிலம் பட்டால் செம்பு கரைந்து இறங்கும். "செம்புக் குடத்துத் தண்ணீர் நல்லதுன்னுதானே சார் சொல்றாங்க?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். "ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் உங்கள் அம்மா புளி ரசம் வைப்பார்களா?" என்று திருப்பிக் கேட்டேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை, கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அந்தக் கையேட்டில் மாலக்கைட் பக்கத்தைப் புரட்டினேன். இதயம், துணிச்சல், பயணப் பாதுகாப்பு என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. செம்பு என்ற ஒரு சொல் எங்கும் இல்லை.

அன்றைக்கு அந்தப் புத்தகத்தை வாங்கி வந்து இரவு பத்து மணி வரை உட்கார்ந்து பார்த்தேன். நான் பார்த்த விதத்தைச் சொல்கிறேன், வாசகர்கள் எவரும் செய்யலாம். ஒரு கையேட்டில் இரண்டு வகைச் செய்திகள் இருக்கும். ஒன்று, சோதித்துப் பார்க்க முடிந்தவை: கல் எதனால் ஆனது, எவ்வளவு கடினம், தண்ணீரில் கரையுமா, எங்கே கிடைக்கிறது, கடையில் எதை வைத்து ஏமாற்றுகிறார்கள். இன்னொன்று, சோதிக்க முடியாதவை: இந்தக் கல் கோபத்தைக் குறைக்கும், அந்தக் கல் உறவைச் சேர்க்கும். முதல் வகையில் ஒரு புத்தகம் தப்புத் தப்பாகச் சொன்னால் இரண்டாவது வகையில் அது சொல்வதை எதை வைத்து நம்புவது? அதனால் நான் முதலில் செலினைட் பக்கத்தைத்தான் திறப்பேன். செலினைட் என்பது ஜிப்சம்தான், கடையில் அந்தப் பெயரில் விற்பது வெள்ளையாக, பட்டு நூல் மாதிரி பளபளக்கும், நகத்தால் கீறினால் கோடு விழும். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2 கிராம் கரையும். இதைப் போய் ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் போட்டுச் சுத்தம் செய்யுங்கள் என்று ஒரு புத்தகம் சொன்னால், எழுதியவர் அந்தக் கல்லை ஒரு தடவைகூட நனைத்துப் பார்த்ததில்லை என்றுதான் அர்த்தம். அடுத்தது சிட்ரின். கடைகளில் கிடைக்கிற ஆரஞ்சு நிற சிட்ரினில் பெரும்பங்கு ஊதா நிற அமெதிஸ்டை 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி நிறம் மாற்றியது. இயற்கையில் கிடைக்கும் சிட்ரின் வெளிர் மஞ்சளாக, கொஞ்சம் புகை படிந்த மாதிரி இருக்கும், அபூர்வம். சூடாக்கிய கல்லின் படத்தைப் போட்டுவிட்டு, சூரியன் பல கோடி ஆண்டுகளாக இதில் சேர்த்து வைத்த ஆற்றல் என்று எழுதுகிற புத்தகத்தை என்ன சொல்வது.

ஓபலைட், கோல்ட்ஸ்டோன் என்ற இரண்டு பெயரையும் பாருங்கள். கடையில் ஓபலைட் என்று விற்பது பெரும்பாலும் பால் நிறக் கண்ணாடி. கோல்ட்ஸ்டோன் என்பது உள்ளே செம்புத் துகள் மின்னும் கண்ணாடி, வெனிஸ் நகரத்துக் கண்ணாடிக்காரர்கள் செய்யத் தொடங்கியது. இரண்டும் மண்ணுக்குள்ளிருந்து வந்தவை இல்லை. ஆனால் எத்தனையோ கையேடுகளில் இவற்றுக்கும் ராசி உண்டு, கிரகம் உண்டு, நோய் உண்டு. நான் பார்த்த புத்தகத்திலும் ஓபலைட்டுக்கு ஒன்றரைப் பக்கம்.

டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல்லின் விஷயம் எங்கள் ஊரைத் தொட்டது. சேலத்தில் ஏற்காடு மலைக்குக் கீழே வெள்ளை வெளேரென்று கல் வெட்டுகிற குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள், வெள்ளைக்காரர்கள் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கல் மேக்னசைட், உலைச் செங்கல் செய்யப் போகிறது. இந்த மேக்னசைட் வகைக் கல் சாயத்தை நன்றாகக் குடிக்கும். அதனால் உலகச் சந்தையில் டர்க்காய்ஸ் என்று விற்கிற மலிவு மணிகளில் பல, நீலச் சாயம் ஏற்றிய மேக்னசைட்டோ, ஹௌலைட் என்ற இன்னொரு வெள்ளைக் கல்லோதான். நல்ல கையேடு என்றால் இதைச் சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சொல்லும். சொல்லாத புத்தகம் கடைக்காரருக்காக எழுதியது.

குவார்ட்ஸ் பக்கத்தில் எல்லாப் புத்தகமும் ஒரே கதையைச் சொல்கிறது: கைக்கடிகாரத்தில் குவார்ட்ஸ் அதிர்கிறது, ஆகவே உங்கள் உடம்பின் அதிர்வையும் அது சீர் செய்யும். பாதி உண்மை இதில் இருப்பதால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். குவார்ட்ஸை அழுத்தினால் மின்னழுத்தம் உண்டாகும் என்பதை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். கடிகாரத்தில் அது வினாடிக்கு 32,768 தடவை அதிர்வதும் சரி. ஆனால் அது அதிர்வதற்குப் பேட்டரி வேண்டும், அந்த அளவுக்கென்றே வெட்டி எடுத்த துண்டு வேண்டும். பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் நின்றுவிடுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். மேஜை மேல் சும்மா கிடக்கிற கல் சும்மாதான் கிடக்கிறது.

அப்புறம் அந்த "பழங்காலம் முதலே" என்ற வார்த்தை. எந்தக் காலம், எந்த நூல் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஏழு சக்கரத்துக்கு வானவில்லின் ஏழு நிறம், நிறத்துக்கு ஒரு கல் என்ற அட்டவணை இந்தியாவின் ஐயாயிரம் வருட ஞானம் என்று போடுகிறார்கள். மூலாதாரம், மணிபூரகம் எல்லாம் நம்முடையவைதான். வானவில் வரிசை 20ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டில் சேர்ந்தது. நம்மிடம் உண்மையிலேயே பழையது வேண்டுமென்றால் சிலப்பதிகாரத்தில் மதுரை ரத்தினக் கடைத்தெருவைப் பாருங்கள். வைரத்துக்கு ஆகாத குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று நான்கைச் சொல்கிறது. நான்கும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயம், கறை, புள்ளி, கோடு என்று. இப்போது லென்ஸ் வைத்துப் பார்க்கிறவரும் அதைத்தான் தேடுகிறார். சித்த மருத்துவத்திலும் அப்படித்தான். சாதிலிங்கம், தாளகம், மனோசிலை மூன்றையும் பாஷாணம், அதாவது நஞ்சு, என்ற வரிசையில் வைத்து, சுத்தி செய்யாமல் தொடாதே என்று எச்சரித்தார்கள். முதலாவதில் இருப்பது பாதரசம், மற்ற இரண்டிலும் ஆர்செனிக். எங்கள் ஆய்வகத்தில் மனோசிலையைக் கறுப்புத் தாள் சுற்றிய டப்பாவில்தான் வைப்போம், வெளிச்சம் பட்டுப் பட்டு அது மஞ்சள் பொடியாக உதிர்ந்துவிடும். டப்பாவைத் திறந்தவர்கள் கை கழுவாமல் டீ குடிக்கக் கூடாது என்பது நான் சேர்ந்த நாளிலிருந்து கேட்ட விதி. அந்தக் கையேட்டில் இதே கல்லை ரோஸ் குவார்ட்ஸுக்குப் பக்கத்தில், உற்சாகம் தரும் செந்நிறக் கல் என்று போட்டு, எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லாமல் விட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இருக்கப்போகிற புத்தகம் அது.

தமிழில் வருகிற மொழிபெயர்ப்புக் கையேடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டோபாஸ் என்று ஆங்கிலத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு புஷ்பராகம் என்று போடுகிறார்கள். நம் ஜோதிடரும் நகைக்கடைக்காரரும் புஷ்பராகம் என்று சொல்வது மஞ்சள் நிறக் குருந்தத்தை, கடினம் 9. டோபாஸ் வேறு கனிமம், கடினம் 8, விலையும் பல மடங்கு குறைவு. குருந்தம் என்ற நம் சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தில் கொரண்டம் என்ற பெயரே போயிருக்கிறது, அப்படியிருக்க இந்தக் குழப்பம் நமக்கு வரலாமா? இன்னொன்று, மூலத்தில் "என்று சிலர் நம்புகிறார்கள்" என்று இருப்பது தமிழில் "குணமாகும்" என்று ஆகிவிடுகிறது. வினைமுற்றைப் பாருங்கள். "நம்பப்படுகிறது" என்று எங்கே முடிகிறது, "தீரும்" என்று எங்கே முடிகிறது என்பதில் எழுதியவரின் நேர்மை தெரிந்துவிடும்.

கல்லைக் கையில் வைத்துக்கொண்டால் மனம் அமைதியாகிறது என்பவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். என் அம்மாவின் ஸ்படிக மாலை இப்போதும் என் மேஜையில் இருக்கிறது, வெயில் நாளில் அதன் குளிர்ச்சியைத் தொட்டுப் பார்ப்பேன். ஆனால் அமைதி கல்லுக்குள்ளிருந்து வருகிறதா என்பதைச் சோதித்திருக்கிறார்கள். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் 2001இல் ஒரு மாநாட்டில் முன்வைத்த சோதனையில் 80 பேர் கல்லைக் கையில் வைத்துத் தியானம் செய்தார்கள், சிலருக்கு உண்மையான படிகம், சிலருக்குப் போலி. கதகதப்பு, சிலிர்ப்பு என்று இரு தரப்பும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். இந்தச் சோதனையைக் குறிப்பிட்டுவிட்டு அதற்குப் பிறகும் தன் நம்பிக்கையை எழுதுகிற கையேடு இருந்தால் அதை மதிப்பேன். எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

சட்டமும் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் ஆட்சேபகரமான விளம்பரத் தடைச் சட்டம் தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றை நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அதன் பட்டியலில் நீரிழிவும் புற்றுநோயும் இருக்கின்றன. உங்கள் கட்டுரைக்குக் கீழேயே சர்க்கரை தீர்க்கும் கல் என்று ஒரு கால் பக்க விளம்பரம் வந்திருந்தது. விளம்பரப் பிரிவு வேறு, ஆசிரியர் பிரிவு வேறு என்று சொல்லலாம். வாசகருக்கு இரண்டும் ஒரே தாள்தான்.

சந்தேகம் வந்தால் எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிலவியல் பிரிவு இருக்கிறது. 1851இல் அந்த அருங்காட்சியகம் தொடங்கியதே கல் சேகரிப்பை வைத்துத்தான். பெயர்ச்சீட்டோடு இருக்கிற கற்களை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்து கையேட்டைத் திறந்தால் படமே வேறு மாதிரி தெரியும். பக்கத்தில் ஜியாலஜி துறை உள்ள கல்லூரி இருந்தால் அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். என் அனுபவத்தில், கல்லோடு வருகிறவரை எந்த ஆசிரியரும் விரட்டியதில்லை.

எதிர் வீட்டு அம்மா மறுபடி இரண்டு வேளை மாத்திரைக்குப் போய்விட்டார்கள், டாக்டரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்களோ. ஆகவே வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இதைப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்: மாலக்கைட் போட்ட தண்ணீரைக் குடிக்கக் கூடாது. சாதிலிங்கம், தாளகம், மனோசிலை ஆகியவற்றைக் குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது, சூடாக்கக் கூடாது. கல் வாங்கியதற்காக யாரும் மாத்திரையைக் குறைக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர்,
சேலம்.