காயீனுக்குப் பெண் எங்கே கிடைத்தது? ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஓய்வுநாள் பாடசாலை அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும், பாடப்புத்தகம் தயாரிக்கும் குழுவினருக்கும் ஸ்தோத்திரம்.

வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமப் பாடங்கள் தொடங்கினால் போதும், ஏதாவது ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை கையைத் தூக்கிவிடும். முதல் மனிதர்களான ஆதாம், ஏவாள், அவர்கள் பிள்ளைகள் காயீன், ஆபேல் என்று இருந்ததே நாலு பேர். அதில் ஆபேலும் செத்தாச்சு. அப்புறம் காயீனுக்குப் பெண் எங்கே கிடைத்தது? இதற்கு நம் வகுப்புகளில் இரண்டு பதில்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. "தங்கச்சியைக் கட்டினான், அந்தக் காலத்தில் அது தப்பில்லை" என்பது ஒன்று. "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே, வசனத்தைப் படி" என்பது மற்றது. என் அண்ணன் மகளுக்குக் கிடைத்தது இரண்டாவது. "வசனத்தைப் படிச்சதாலதான கேட்டேன்?" என்றாள் வீட்டுக்கு வந்து. அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் நாலாம் அதிகாரத்தை அவசரப்படாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள். தம்பியைக் கொன்ற காயீன், "என்னைக் கண்டுபிடிக்கிறவன் எவனும் என்னைக் கொன்றுபோடுவானே" என்று பயப்படுகிறான். யார் அந்த எவனும்? அம்மாவையும் அப்பாவையும் நினைத்துப் பயந்த மாதிரி தெரியவில்லை. பிறகு ஏதேனுக்குக் கிழக்கே நோத் தேசத்தில் போய்க் குடியிருக்கிறான். அடுத்த வசனத்திலேயே மனைவி வந்துவிடுகிறாள், ஏனோக்கு பிறக்கிறான், காயீன் ஒரு பட்டணத்தைக் கட்டி அதற்கு மகன் பெயரை வைக்கிறான். அப்பா, அம்மா, கைக்குழந்தை, இந்த மூன்று பேருக்கு எதற்கு ஒரு பட்டணம்? மனைவியின் பெயரும் இல்லை, யார் மகள் என்பதும் இல்லை. ஆதாம் "குமாரரையும் குமாரத்திகளையும் பெற்றான்" என்று வருவது ஐந்தாம் அதிகாரத்தில், அதுவும் 130 வயதில் இன்னொரு மகன் சேத் பிறந்த பிறகு நடந்ததாக.

ஆக, தங்கச்சி என்பது வேதம் சொல்வது அல்ல, வேதத்தை வாசித்தவர்கள் ஊகித்தது. ஊகம் கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல ஊகம்தான், பழைய ஊகமும்கூட. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த யூபிலி என்ற யூத நூல் காயீனின் சகோதரிக்கு அவான் என்று பெயரே வைத்து அவனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டது. எத்தியோப்பிய சபையின் வேதாகமத்தில் அந்த நூலுக்கு இன்றும் இடம் உண்டு. நம்முடையதில் இல்லை. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஆதமின் இரண்டு பிள்ளைகளின் கதை வருகிறது, பெயர்கள் இல்லாமல். செத்துக் கிடக்கும் தம்பியை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவனுக்கு, ஒரு காகம் மண்ணைக் கிளறி, புதைப்பது எப்படி என்று காட்டுகிறது. ஆபேலுக்கு ஹாபீல், காயீனுக்குக் காபீல் என்ற பெயர்களும், ஒரு பிரசவத்தில் பிறந்தவன் இன்னொரு பிரசவத்தில் பிறந்தவளைக் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடும் பின்னால் விளக்கவுரைகளில் வந்தவை. நம் பக்கத்து வீட்டு முஸ்லிம் பிள்ளைக்கு இந்தக் கதை தெரியும். நம் பிள்ளைக்கும் தெரிந்தால் நஷ்டமில்லை.

இந்தக் கேள்வியை முகத்துக்கு நேராகப் பார்த்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஆதிகாலச் சபையின் பெரிய போதகரான அகஸ்டின். ஐந்தாம் நூற்றாண்டில் அவர் எழுதிய 'கடவுளின் நகரம்' நூலின் 15ஆம் பகுதியில் இதைச் சுற்றி வளைக்காமல் பேசுகிறார். ஆரம்பத்தில் வேறு வழி இல்லை, உடன்பிறந்தவர்களே கட்டிக்கொண்டார்கள் என்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் அவரும் நம் முதல் பதில்காரர்தான். ஆனால் பின்னால் அது ஏன் தடையானது என்பதற்கு அவர் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள். ஆதாம் தன் பிள்ளைகளுக்கு அப்பாவும் அவரே, மாமனாரும் அவரே. ஏவாள் அம்மாவும் அவளே, மாமியாரும் அவளே. ஒரே ஆள் இரண்டு உறவை அடைத்துக்கொண்டால் பாசம் வீட்டு வாசலைத் தாண்டாது. அப்பா ஒருவர், மாமனார் வேறொருவர் என்று ஆனால்தான் அன்பு அடுத்த வீட்டுக்கும் அடுத்த ஊருக்கும் போகும். கல்யாணத்தின் வேலையே உறவை அகலப்படுத்துவது என்கிறார். (அத்தை மகளை முறைப்பெண் என்று சொல்லும் ஊர் நம்முடையது. அந்த உறவில் கட்டுவதைக்கூட அவர் காலத்து ஜனங்கள் கூசியதாக எழுதுகிறார். அந்த வம்பு இப்போது வேண்டாம்.)

விசுவாசத்துக்காகப் பேச வந்தவரே இந்தக் கேள்வியில் தடுமாறிய கதையும் உண்டு. 1925 ஜூலையில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து டேட்டன் என்ற சின்ன ஊரில், பள்ளியில் பரிணாமம் கற்பித்த ஒரு வாத்தியார் மேல் வழக்கு நடந்தது. வேதத்தின் பக்கம் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ சாட்சிக் கூண்டில் ஏற்றி, காயீனுக்கு மனைவி எங்கே கிடைத்தாள் என்று கண்டுபிடித்தீர்களா என்று கேட்டார். இல்லை, அவளைத் தேடும் வேலையை, கடவுள் உண்டா இல்லையா தெரியாது என்கிறவர்களுக்கே விட்டுவிடுகிறேன் என்றார் பிரையன். சாமர்த்தியமான பதில், ஆனால் பதில் இல்லை. நாம் வகுப்பில் "உட்கார்" என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதே ரகம்தான்.

வளர்ந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் காட்டலாம். கரும்பலகையில் ஒரு பக்கம் நாலாம் அதிகாரத்தின் காயீன் வம்சத்தை எழுதுங்கள்: காயீன், ஏனோக்கு, ஈராத், மெகுயவேல், மெத்தூசவேல், லாமேக்கு. மறுபக்கம் ஐந்தாம் அதிகாரத்தின் சேத் வம்சம்: கேனான், மகலாலெயேல், யாரேத், ஏனோக்கு, மெத்தூசலா, லாமேக்கு. பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள், ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே என்று. கேனானும் காயீனும், ஈராத்தும் யாரேத்தும், மெத்தூசவேலும் மெத்தூசலாவும். ஒரே பழைய பட்டியல் இரண்டு குடும்பக் கதைகளாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கலாம் என்று வேத அறிஞர்களில் பலர் சொல்வது இதை வைத்துத்தான். ஒரு பட்டியலில் வயதுக் கணக்கு எதுவும் இல்லை, இன்னொன்றில் பெரும்பாலானவர்களுக்கு 900 வருஷத்தை ஒட்டிய ஆயுசு. ஆதாம் சேத்தைப் பெற்ற வயது எபிரெய வேதத்தில் 130, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 230. இன்றைய ஈராக் பக்கம் வாழ்ந்த பழங்காலச் சுமேரியர்களின் அரசர் பட்டியலில் வெள்ளத்துக்கு முன் ஆண்ட எட்டு அரசர்களுக்கு மொத்தம் 2,41,200 வருஷம். அந்தப் பக்கத்து ஜனங்கள் தங்கள் முன்னோரை எழுதிய விதம் அப்படி. இதைச் சொன்னால் பிள்ளைகளின் விசுவாசம் போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதே விஷயத்தை அவர்கள் கல்லூரிக்குப் போய், சபையைக் கேலி செய்பவன் வாயால் முதல்முறையாகக் கேட்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

எதிர்ப்பக்கமும் ஒரு எச்சரிக்கை. "விஞ்ஞானமே ஏவாளைக் கண்டுபிடித்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறதே, அதைத் தயவுசெய்து பாடத்தில் சேர்க்காதீர்கள். 1987இல் வந்த மரபணு ஆய்வு, இன்றிருக்கும் எல்லோருடைய தாய்வழிக் கோடும் ஏறத்தாழ 2,00,000 வருஷங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணில் போய்ச் சேர்கிறது என்றது. அவள் காலத்தில் வேறு பெண்களே இல்லை என்று அது சொல்லவில்லை. அரைகுறையாகப் புரிந்த விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு அழைத்தால் குறுக்கு விசாரணையில் மாட்டுவது நாம்தான்.

சரி, மனைவி யார் என்பதில் இவ்வளவு சண்டை போட்டவர்கள், இந்தக் கதை எதற்காகச் சொல்லப்பட்டது என்பதைக் கேட்டார்களா? 1655இல் ஈசாக் லா பெய்ரேர் என்ற பிரெஞ்சுக்காரர், ஆதாம் யூதர்களுக்கு மட்டும்தான் தகப்பன், மற்ற ஜனங்கள் அவனுக்கு முன்பே இருந்தார்கள் என்று புத்தகம் போட்டார். காயீனின் மனைவி, பட்டணம் எல்லாம் அதில் சுலபமாகத் தீர்ந்துவிடும். புத்தகத்தை எரித்தார்கள், அவரையும் பிடித்துத் தன் கருத்தைக் கைவிட வைத்தார்கள். அவர் மனதில் விஷம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் சில வெள்ளைக்காரர்கள் அந்த யோசனையை எடுத்து, கறுப்பின மக்கள் ஆதாமின் பிள்ளைகளே இல்லை என்று எழுதினார்கள். வேறு சிலர், காயீனுக்குக் கடவுள் போட்ட அடையாளம்தான் கறுப்பு நிறம் என்றார்கள். அந்த அடையாளமோ காயீனை யாரும் கொன்றுவிடாதபடி போட்ட பாதுகாப்பு. நிறத்தைப் பற்றி அங்கே ஒரு எழுத்து கிடையாது.

இதற்கு நேர் எதிரான வாசிப்பு யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், சன்ஹெட்ரின் என்ற பகுதியில் இருக்கிறது. மனிதனைக் கடவுள் ஏன் ஒற்றை ஆளாகப் படைத்தார் என்று அது கேட்கிறது. உன் தகப்பனைவிட என் தகப்பன் பெரியவன் என்று ஒருவன் மற்றவனிடம் சொல்லாதபடிக்கு என்று பதிலும் சொல்கிறது. நம் சபைகளில் இதைப் படிக்க வேண்டிய தேவை யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக ஜனங்களைப் பிரித்து நின்ற சுவரை 1910இல்தான் இடித்தார்கள். இடித்ததை எதிர்த்துப் போட்ட வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆதாம் ஏவாள் கதையைக் கேட்டவர்கள் நம் முன்னோர்தான். கத்தோலிக்கர் கதை என்று நாம் தப்பிக்கவும் முடியாது. நம் கல்யாணப் பேச்சுகளில் முதலில் வரும் கேள்வி என்ன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பாடக்குழுவிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஆசிரியர் கையேட்டில், காயீன் மனைவியின் பெயரும் பிறப்பும் வேதத்தில் இல்லை என்று ஒரு வரி வெளிப்படையாக இருக்கட்டும். பழைய பதில்களை, யார் சொன்னது என்ற விவரத்தோடு கீழே கொடுங்கள். சகோதரி என்று நம்புகிற ஆசிரியர் அப்படியே சொல்லட்டும், ஆனால் "நான் இப்படி நினைக்கிறேன்" என்று சேர்த்துச் சொல்லட்டும். அந்த வாரத்து மனப்பாட வசனமாக அப்போஸ்தலர் 17:26ஐ வையுங்கள்: "மனுஷஜாதியான சகல ஜனங்களையும் அவர் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணி". பெரிய பிள்ளைகளுக்கு அதோடு வடக்கன்குளத்தையும் சொல்லுங்கள். சுவர் எங்கே இருந்தது, எதற்காக இருந்தது என்று அவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு முன்னால் ஆசிரியர் பயிற்சி வைப்பீர்கள் அல்லவா? அதில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நான் வருகிறேன். இரண்டு வம்சப் பட்டியல்களையும் பெரிய எழுத்தில் எழுதிய சார்ட் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சபை அங்கத்தினன் ஒருவன்