ஊசியை எடுக்கப்போவது யார்?

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விடுதி அறையில் இருந்த நாளில் வீட்டுக்கு எழுதும் கடிதத்தையே அரைப்பக்கத்தில் முடித்துவிடுவாய். இப்போது பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய், முக்கால்வாசியும் பயம். சின்னவனை அடுத்த மாதம் மழலையர் பள்ளியில் விடப்போகிறாய். பாலும் வேர்க்கடலையும் அவனுக்கு ஆகாது. போன வருடம் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரி வரைக்கும் போய்வந்தாயிற்று. பயப்படாமல் எப்படி இருப்பாய்?

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி என்னை விட்டுப் போவதாக இல்லை. பெரியவள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். "போதும், வீட்டில் இரு" என்கிறாள். நான் இன்னும் அந்த மூன்று வயதுக் கூட்டத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அநேகமாக ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு சாப்பாடு ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்று வகுப்பில் இருக்கும். அதனால் நீ பார்க்க முடியாத இடத்தில், அதாவது கதவு சாத்திய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பதை வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும். வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்.

பள்ளி வாசலில் "இங்கே கடலைக்கு அனுமதி இல்லை" என்று பலகை மாட்டியிருக்கிறார்கள் என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். நல்லதுதான். ஆனால் அந்தப் பலகையை நம்பி நான் பிள்ளையை விடமாட்டேன். முதலில், உன் பையனுக்குப் பாலும் ஆகாது, பலகை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடுத்து, பலகை மாட்டியாகிவிட்டது என்றால் பெரியவர்களுக்கு ஒரு அசட்டுத் தைரியம் வந்துவிடும். நீ கேட்க வேண்டிய கேள்வி வேறு. "இவனுக்கு மூச்சுத் திணற ஆரம்பித்தால், இந்த அறையில் ஊசியை எடுத்துப் போடப்போவது யார்? அவர் லீவு போட்ட அன்று யார்?" இதைக் கேட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பார். ஒரு ஆளைக் காட்டினால் சரி. "உடனே உங்களுக்கு போன் பண்ணிவிடுவோம்" என்று சொன்னால், அங்கேதான் நீ உட்கார்ந்து பேச வேண்டும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2017-ல் நியூயார்க்கில் ஒரு மூன்று வயதுக் குழந்தை இப்படித்தான் போனது. பால் ஆகாது என்பது பள்ளிக்குத் தெரியும், எழுத்திலும் இருந்தது. அப்படியும் சீஸ் வைத்த ரொட்டியைக் கொடுத்துவிட்டார்கள். உடம்புக்கு ஆகாமல் போனதும் ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் அம்மாவைக் கூப்பிட்டார்கள். 2019-ல் அந்தக் குழந்தையின் பெயராலேயே அங்கே ஒரு சட்டம் வந்தது, குழந்தைகள் காப்பகங்கள் ஒவ்வாமையை எப்படிக் கையாள வேண்டும் என்று. கவனி, அங்கே தகவலுக்குப் பஞ்சமே இல்லை. தாளில் இருந்த தகவல் தட்டைப் போடுகிற கைக்குப் போகவில்லை. அவசரத்தில் என்ன செய்வது என்பதும் யாருக்கும் பழகியிருக்கவில்லை.

அமெரிக்காவில் 512 கைக்குழந்தைகளைச் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்து 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. பாலோ முட்டையோ ஒத்துக்கொள்ளாத, அல்லது அப்படி ஆகக்கூடும் என்று சந்தேகித்த குழந்தைகள். பாதிப்பு வந்த தடவைகளில் ஏறக்குறைய பாதி, பெற்றோர் அல்லாத யாரோ கொடுத்த உணவால் வந்தவை. அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. கடுமையாக வந்த தடவைகளில் பத்தில் மூன்றுக்குத்தான் எபிநெஃப்ரின், அதாவது நாம் பேசுகிற அந்த ஊசி மருந்து, போட்டிருக்கிறார்கள். மற்றவற்றில் ஆபத்து என்று புரியாமல் விட்டதும் உண்டு, மருந்து கையில் இல்லாததும் உண்டு, தயக்கமும் உண்டு.

தயக்கம் ஏன் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பிறர் பெற்ற பிள்ளைக்கு ஊசி குத்த யாருக்கும் கை வராது. "முதலில் அலர்ஜி சிரப் கொடுத்துப் பார்ப்போமே" என்பார்கள். அந்தச் சிரப் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அவ்வளவுதான். அடைக்கிற தொண்டையையும் இறங்குகிற ரத்த அழுத்தத்தையும் அதனால் நிறுத்த முடியாது. அதற்கு எபிநெஃப்ரின்தான் (அட்ரினலின் என்பதும் அதுவே). தேவையில்லாமல் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பயந்தால், இதைச் சொல்: நல்ல ஆரோக்கியமான குழந்தைக்குக் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், முகம் வெளிறும், கை நடுங்கும், அப்புறம் அடங்கிவிடும். தாமதம்தான் உயிருக்கு ஆபத்து. "போட்டதற்காக நான் ஒரு நாளும் கோபித்துக்கொள்ள மாட்டேன்" என்று உன் வாயால் அந்த மிஸ்ஸிடம் சொல். அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தை கையைப் பிடித்து இழுக்கிற பயத்தைப் பாதி குறைத்துவிடும்.

மருந்து ஊசிப் பேனாவாகவே, அதாவது தொடையில் அழுத்தினால் தானே மருந்தைச் செலுத்துகிற பேனாவாகவே, கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். பெரிய நிம்மதி. பல நாடுகளில் அது விற்பனைக்கே வருவதில்லை. ஊசி இல்லாத பயிற்சிப் பேனா ஒன்றையும் எப்படியாவது வாங்கு. எங்கள் பள்ளியில் பயிற்சி கொடுக்கும்போது பார்ப்பேன், பாதிப் பேர் பால்பாயின்ட் பேனாவை அழுத்துகிற பழக்கத்தில் கட்டைவிரலை நுனியில் வைத்துவிடுவார்கள். நிஜப் பேனாவாக இருந்து தலைகீழாகவும் பிடித்திருந்தால், மருந்து அவர்கள் விரலுக்குள் போயிருக்கும். முஷ்டியாகப் பிடிக்க வேண்டும், விரல் எந்த முனைக்கும் போகக் கூடாது. பாதுகாப்பு மூடியைக் கழற்றி, தொடையின் வெளிப்பக்கம் நடுவில், கால்சட்டை மேலேயே அழுத்திப் பிடிக்கலாம். சிலவற்றில் மூன்று எண்ண வேண்டும், சிலவற்றில் பத்து, உங்கள் பேனாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார். பிள்ளை உதைக்கும், துள்ளும், அதனால் இன்னொருவர் காலை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊசி உள்ளே இருக்கும்போது கால் அசைந்தால் கிழித்துவிடும். இதையெல்லாம் வாயால் சொன்னால் ஏறாது. ஒவ்வொருவரும் பயிற்சிப் பேனாவைத் தன் தொடையிலேயே ஒரு தடவை குத்திப் பார்க்க வேண்டும். ஆயாவும் சேர்த்துத்தான். ஆயாவை விட்டுவிடாதே, விளையாட்டுத் திடலில் முக்கால்வாசி நேரம் அவர்தான் நிற்பார்.

போட்ட பிறகு பிள்ளையை அலுவலகத்துக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. இருந்த இடத்திலேயே படுக்கவைத்துக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். மூச்சுக்குக் கஷ்டப்பட்டால் காலை நீட்டி உட்காரவைக்கலாம், வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்கலாம். சட்டென்று எழுப்பி நிறுத்தவே கூடாது. ஒருவர் பிள்ளையோடு, இன்னொருவர் ஆம்புலன்ஸுக்கு, மூன்றாவதாகத்தான் உனக்கு போன். ஐந்து நிமிடம் கழித்தும் தேறவில்லை என்றால் இரண்டாவது பேனா. அதனால்தான் டாக்டர்கள் எப்போதும் இரண்டு பேனாக்கள் கைவசம் இருக்கட்டும் என்கிறார்கள். தேறிச் சிரித்து விளையாடினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடி திரும்பி வரும் வழக்கம் இதற்கு உண்டு.

இதற்கெல்லாம் முன்னால், ஆரம்பித்துவிட்டது என்று தெரிய வேண்டுமே. மூன்று வயதுப் பிள்ளை "எனக்கு மூச்சு விட முடியவில்லை" என்று சொல்லாது. "நாக்குல முள்ளு இருக்கு" என்னும். "வாய் சுடுது", "தொண்டையில ஏதோ மாட்டிக்கிச்சு" என்னும். ஒன்றும் சொல்லாமல் நாக்கைப் பிடித்து இழுக்கும், நகத்தால் சுரண்டும். குரல் கம்மும் அல்லது கீச்சென்று ஆகும். ஓயாமல் இருமும். ஓடியாடிக்கொண்டிருந்தது திடீரென்று வந்து மடியில் சாய்ந்து துவண்டுவிடும், அதைத் தூக்கம் என்று நினைத்துப் பாயை விரித்துவிடுவார்கள். போன வருடம் உன் பையன் என்ன சொன்னான், முதலில் எங்கே கையை வைத்தான் என்று ஞாபகப்படுத்தி, அவன் வார்த்தையிலேயே எழுதிக் கொடு. ஒவ்வாமை வந்தால் என்ன செய்வது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தருகிற அவசரத் திட்டத் தாளில் அவன் படத்தையும் ஒட்டி, அதற்குக் கீழே இதை வை. டாக்டர் எழுதுவது எல்லாக் குழந்தைக்கும் பொது. நீ எழுதுவதை வேறு யாரும் எழுத முடியாது.

சாப்பாட்டு நேரத்தைப் பற்றி நிறையக் கவலைப்பட்டிருக்கிறாய். எனக்கென்னவோ அந்த நேரத்தில் பயம் குறைவு. அப்போது எல்லோரும் விழிப்பாக இருப்போம், அவன் டப்பாவைத் தவிர வேறெதுவும் அவன் கைக்குப் போகாது. ஆபத்து மற்ற நேரங்களில்தான். கைவேலைக்கு வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லும் காலி டப்பாக்களில் பால் அட்டைப்பெட்டியும் ஐஸ்கிரீம் கிண்ணமும் இருக்கும். விளையாட்டு மாவு கோதுமையில் செய்தது, கோதுமை ஆகாத பிள்ளைக்கு அதுவே வினை. தூசி பறக்காத சாக்பீஸ் சிலவற்றில் பால் புரதம் உண்டு. பறவைக்குத் தீனி வைக்கிறோம் என்று வேர்க்கடலை வெண்ணெயைக் கையால் பூசவைப்பார்கள். பிறந்தநாள் என்றால் முன்னறிவிப்பில்லாமல் கேக் வந்து நிற்கும்.

பால் சிந்துவதையே எடுத்துக்கொள். ஒரு பிள்ளை தம்ளரைத் தட்டிவிடும். ஆயா ஓடிவந்து துணியால் துடைப்பார், துணியை உதறுவார், அதே துணியால் பக்கத்து மேசையையும் ஒரு இழுப்பு இழுப்பார். பார்க்க மேசை பளிச்சென்று இருக்கும். இரண்டு நிமிடத்தில் உன் பையன் அங்கே கையை ஊன்றி, அந்தக் கையையே வாயில் வைப்பான். ஆயாமேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, சுத்தம் செய்யத்தானே வந்தார். அவன் மேசைக்குத் தனித் துணி, சோப்போடு துடைப்பது என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். சானிடைசரைப் பூசிவிட்டால் போதும் என்று பல பள்ளிகளில் நினைக்கிறார்கள். அது கிருமிக்கு. புரதம் அப்படியே கையில் இருக்கும். 2004-ல் வேர்க்கடலையை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். சோப்பும் ஈரத் துடைப்பான்களும் கையிலிருந்து எடுத்துவிட்டன. வெறும் தண்ணீரும் சானிடைசரும் சில கைகளில் மிச்சம் வைத்துவிட்டன. ஆகவே சாப்பிட்ட பிறகு எல்லாப் பிள்ளைகளும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அவன் மட்டுமல்ல.

"பக்கத்துப் பிள்ளை கடலை சாப்பிட்டால் அந்த வாசனையே போதுமோ" என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு பயத்தைக் கீழே இறக்கி வைக்கலாம். வேர்க்கடலை கடுமையாக ஒத்துக்கொள்ளாத 30 பிள்ளைகளை வைத்து 2003-ல் ஓர் ஆய்வு நடந்தது. வேர்க்கடலை வெண்ணெயை முகரவைத்தார்கள், தோலில் தடவினார்கள். தொட்ட இடத்தில் சிலருக்குச் சிவந்தது, அரித்தது. யாருக்கும் மூச்சுத் திணறலோ வேறு பெரிய ஆபத்தோ வரவில்லை. வாய்க்குள் போனால்தான் பெரும்பாலும் ஆபத்து. ஆனால் பால் கொதிக்கிற ஆவியிலும் மீன் பொரிக்கிற புகையிலும் புரதம் காற்றில் ஏறும். வகுப்பில் சமைத்துக் காட்டுகிறார்கள் என்றால் மட்டும் அவனை அந்தப் பக்கம் விட வேண்டாம் என்று சொல்.

அதனால் அவனை மூலையில் தனி மேசையில் உட்கார வைக்கிறேன் என்று பள்ளியில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. எல்லோரும் கூடிச் சிரித்துச் சாப்பிடும்போது ஒரு பிள்ளை மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது கொடுமை. பெரிய மேசையின் ஓரத்தில் உட்காரட்டும், பக்கத்தில் பாலும் கடலையும் கொண்டுவராத ஒரு கூட்டாளி, எதிரே ஒரு மிஸ். நான் இப்படித்தான் செய்கிறேன். பிறந்தநாளுக்கும் அதே கணக்கு. அவன் சாப்பிடக்கூடிய தின்பண்டத்தை ஒரு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதிப் பள்ளியிலேயே வைத்துவிடு, கேக் வரும்போது அவனுக்கும் கையில் ஒன்று இருக்கும். கேக்குக்குப் பதில் ஸ்டிக்கர் கொடுங்களேன் என்று மற்ற அம்மாக்களிடம் கேட்டும் பார்க்கலாம். ஒன்றிரண்டு பேர் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

லேபிள் படிப்பது பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேசீன், வே என்று பால் வேறு பெயரில் ஒளிந்திருப்பதெல்லாம் உனக்கு அத்துப்படி. பள்ளிக்கு மட்டும் ஒன்று எழுதிக் கொடு: போன மாதம் ஒத்துக்கொண்ட பிஸ்கட் இந்த மாதமும் ஒத்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, செய்முறையை மாற்றிவிடுகிறார்கள்.

பேனாக்களைத் தலைமையாசிரியர் அறை அலமாரியில் பூட்டி வைப்பார்கள், சாவி அவர் கைப்பையில் இருக்கும். வேண்டாம். பூட்டில்லாமல், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், அவன் இருக்கும் அறையிலேயே இருக்கட்டும். திடலுக்குப் போனால் ஒரு பையில் போட்டு ஒருவர் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே போகட்டும். குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது, வெயிலில் நிற்கும் வண்டியிலும் விடக் கூடாது. மருந்து கலங்கியிருந்தாலோ பழுப்பேறியிருந்தாலோ, தேதி முடியாவிட்டாலும் மாற்றிவிடு.

சரி, அடுத்த வாரம் பள்ளியைப் பார்க்கப் போகிறாய் அல்லவா? பயிற்சிப் பேனாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போ. பேச்சு முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் வெளியே எடுத்து, "ஒரு தடவை செய்து காட்டுங்களேன்" என்று கேள். அவர்கள் என்ன செய்தார்கள், யார் முதலில் கை நீட்டினார்கள் என்று விவரமாக எழுது. பெரியவனின் படிப்பு எப்படிப் போகிறது என்று இந்தத் தடவையும் எழுதாமல் விட்டிருக்கிறாய், அதையும் எழுது.

அன்புடன்,
உன் தூங்குமூஞ்சி

பி.கு.: 0.15 மில்லிகிராம் பேனாவைப் பொதுவாக 15 கிலோவுக்கு மேல் எழுதிக் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அவன் எடையைக் குறித்து வைத்துக்கொள். 25 கிலோவை நெருங்கும்போது அடுத்த அளவுக்கு எப்போது மாறுவது என்று டாக்டரிடம் நீயே கேட்டுவிடு.