கரினாவின் நான்காவது கியர்

கோண்டாவில்,
14.06.2025

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. காரின் கியர்ப் பெட்டியை மாற்றியதைப் பற்றியும், உன் கொரோலாவிலும் அதைச் செய்யலாமா என்றும் நீ கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் எழுத மனம் வரவில்லை. ஆயிரம் கிலோமீற்றராவது ஓடிப் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று பொறுத்திருந்தேன். நேற்று வவுனியாவுக்குப் போய்த் திரும்பியதோடு அந்தக் கணக்கும் நிறைந்தது.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரைத் தானே எடுத்து வாசிக்கிறா. கிணற்றடிக் கறுத்தக்கொழும்பான் இந்த முறை கிளை தாழக் காய்த்திருக்கிறது. கண்டிக்கு யாராவது வந்தால் ஒரு பெட்டி கொடுத்துவிடுவேன்.

இனிக் காருக்கு வருகிறேன். வாகன இறக்குமதித் தடையும் நீங்கிவிட்டதே, இந்தப் பழைய ரொயோட்டா கரினாவுக்கு ஏன் இவ்வளவு செலவழிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். 2020-இல் போட்ட தடையை இந்த ஆண்டு மாசியில் எடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் வரியோடு சேர்த்து விலையைப் பார்த்தாயா? அந்தக் காசு என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் இந்தக் காரை விற்றிருக்க மாட்டேன். காரணம் உனக்குத் தெரியும்.

1984-இல் அப்பா அதைக் கொழும்பிலிருந்து தானே ஓட்டி வந்தபோது ஒழுங்கை வாசலில் நீயும் நின்றாய். கிளட்ச் மிதி இல்லாத கார் என்று குனிந்து குனிந்து பார்த்தோம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்ததும் ஊரில் எல்லாக் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு, நாலு பேர் தள்ளி, உருளும்போது கியரைப் போட்டு இயந்திரத்தை உயிர்ப்பிப்பார்கள். எங்கள் காருக்கு அந்த வழியும் இல்லை. ஓட்டோமற்றிக், அதாவது கியர் தானாக மாறும் பெட்டியில் எண்ணெயை அழுத்தும் பம்ப் இயந்திரம் சுழன்றால்தான் சுழலும். எண்ணெய் அழுத்தம் இல்லாவிட்டால் பெட்டிக்குள் ஒன்றும் பிடிக்காது. எத்தனை பேர் தள்ளினாலும் சில்லு மட்டும்தான் உருளும். நல்ல பற்றரி இல்லாத வீட்டில் அந்தக் கார் கிடுகுக் கொட்டிலுக்குள் கிடந்தது. 1995 ஐப்பசி இடப்பெயர்விலும் அதை விட்டுவிட்டுத்தான் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம்.

அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது பற்றரியும் நான்கு ரயர்களும் போயிருந்தன. அப்பா பழைய ரயர் தேடிப் போட்டு, உழவு இயந்திரத்தில் கட்டி கராஜுக்கு இழுப்பித்தார். இழுக்கும் முன் காருக்கு அடியில் படுத்து, பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றினார். இரண்டு கிலோமீற்றருக்கு இது தேவையா என்று உழவு இயந்திரக்காரர் அவசரப்படுத்தினார். பின் சில்லு சுழன்றால் பெட்டிக்குள்ளே பாகங்கள் எண்ணெயில்லாமல் சுழலும், அப்படி இழுத்தே பல பெட்டிகள் எரிந்திருக்கின்றன என்று அப்பா அவருக்குப் பொறுமையாகச் சொன்னார். அப்படிக் காப்பாற்றிய பெட்டி அது. 2024 வரை ஓடியது. என் இடது முழங்கால் இனிக் கிளட்ச் மிதிக்க விடாது. ஆகவே காரும் வேண்டும், அது ஓட்டோமற்றிக்காகவும் இருக்கவேண்டும்.

அந்தப் பெட்டிக்கு வேகம் மூன்றே மூன்று. மூன்றாவதில் இயந்திரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஷாஃப்டும் ஒரு சுற்று. அதற்கு மேல் கியர் இல்லை. கோண்டாவிலிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் போய்வர அது போதும். ஏ9 வீதியில் ஏறினால்தான் துன்பம். மணிக்கு எழுபது கிலோமீற்றர் வேகத்தில் இயந்திரம் நிமிடத்துக்கு 2700 சுற்றுக்குக் கிட்டச் சுழலும். பரந்தனைத் தாண்டும்போதே காது அடைத்துவிடும். கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் அப்படிப் போவது 1452 சிசி இயந்திரத்தை வீணே தேய்ப்பதுதான். 2022-இல் கியூஆர் அட்டையோடு பெற்றோலைக் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து தந்தார்களே, அப்போதுதான் இதை மாற்றவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

பின் அச்சிலுள்ள டிபரென்ஷலின் பல் விகிதத்தைக் குறைத்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். குறைக்கலாம். ஆனால் முதல் கியரும் சேர்ந்து பலவீனமாகும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு புறப்படும்போது கார் முனகும். ஓவர்டிரைவ் பெட்டியில் அந்தக் குறை இல்லை. கீழ்க் கியர்கள் பழையபடி இருக்க, மேலே ஒரு கியர் கூடுகிறது. ரொயோட்டாவின் அந்தக் காலத்து நான்கு வேகப் பெட்டிகளில் நான்காவது விகிதம் ஏறத்தாழ 0.69. ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற இயந்திரம் முக்கால் சுற்றுக்கும் குறைவாகச் சுழன்றால் போதும். எழுபதில் இப்போது 1800 சொச்சம்.

பெட்டி, கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் அகப்பட்டது. ஏ42டிஎல். அந்த எழுத்துகளைப் படிக்கப் பழகிக்கொள்: டி என்றால் ஓவர்டிரைவ், எல் என்றால் லொக்-அப், அதாவது வேகம் பிடித்ததும், இயந்திரத்தின் சுழற்சியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் கொன்வேர்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச் பூட்டிக்கொண்டு வழுக்கலை நிறுத்தும். என் இயந்திரம் 3ஏ. இந்தப் பெட்டி 4ஏ இயந்திரத்தின் பின்னால் இருந்தது. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் முன்முகத்து போல்ட் துளைகள் பொருந்தின. கொன்வேர்ட்டரை மட்டும் பழையதிலிருந்து எடுத்துப் போடக்கூடாது. பெட்டியோடு வந்ததையே போடவேண்டும்.

ஓவர்டிரைவ் பகுதி கொன்வேர்ட்டருக்கும் பழைய பெட்டிப் பகுதிக்கும் இடையில் உட்காருகிறது. அதனால் பெட்டி நீளம். தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, ஷாஃப்டை வெட்டிக் குறுக்கவேண்டும். பெட்டியை ஏற்றி, கார் தன் பாரத்தோடு தன் ரயரில் நிற்கும்போது அளந்துவிட்டுத்தான் வெட்டவேண்டும். வெட்டி ஒட்டிய ஷாஃப்டை லேத்தில் ஏற்றிச் சமநிலை பார்க்காமல் வாங்கிவராதே. வேகமானி கேபிள், பின் விளக்கு வயர், பார்க்கிங்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்ராட் ஆகச் செய்யும் சுவிட்ச் எல்லாம் ஒரு பகல் வேலை.

கொன்வேர்ட்டரை ஏற்றும் இடம்தான் கண்ணில் நிற்கிறது. பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தி, கொன்வேர்ட்டரை அதன் மேல் வைத்து, மெல்ல அமுக்கியபடி திருப்பவேண்டும். ‘டக்’ என்று ஒருமுறை இறங்கும். முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். இன்னும் திருப்பினால் மறுபடி இறங்கும். கடைசியில் பம்பின் பற்களுக்குள் விழும்போது ஓசை வேறு, மந்தமாகக் கேட்கும். அந்த மூன்றாவது இறக்கம் வரும்வரை கையை எடுக்கக்கூடாது. அரைகுறையாக இருக்க போல்ட்டை இறுக்கினால், முதல் ஸ்ராட்டிலேயே பம்ப் உடையும். நானும் மெக்கானிக்கும் மாறி மாறி அரை மணித்தியாலம் திருப்பினோம். இறங்கியதும் விளிம்பிலிருந்து ஆழத்தை அளந்து சுவரில் எழுதிவைத்தோம்.

இவ்வளவு கவனமாகச் செய்தும் முதல் முறை தோற்றுப்போனோம். மாசியில் பூட்டிய பெட்டி பங்குனியில் வழுக்கத் தொடங்கியது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இயந்திரம் மட்டும் உறுமும், கார் நகராது. அளவுக்கோலை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்கவேண்டிய எண்ணெய் தேயிலைச் சாயம்போல் கறுத்து, கருகிய நாற்றம் அடித்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

காரணம் ஒரு கேபிள். கார்பரேற்றரிலிருந்து பெட்டிக்குப் போகும் திரொட்டில் கேபிள் இருக்கிறதே, அதைக் கிக்-டவுன் கேபிள் என்று சொல்லிச் சொல்லியே எல்லோரும் கெட்டோம். முந்திப்போகும்போது கியரைக் குறைக்க மட்டும் உள்ளது என்று நினைத்துத் தளர்வாக விட்டிருந்தார்கள். உண்மையில், நீ எவ்வளவு மிதிக்கிறாய் என்பதைப் பெட்டிக்குச் சொல்வதே அதுதான். அதைக் கேட்டுத்தான் பெட்டி எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டுகிறது, எப்போது மாறுவது என்று முடிவெடுக்கிறது. கேபிள் தளர்ந்தால், முழு மிதியிலும் காலை மெல்ல வைத்திருக்கிறாய் என்றே பெட்டி எண்ணும். அழுத்தம் போதாமல் பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கி, சூடேறி, கருகும். கீழ்த்தட்டைக் கழற்றியபோது அடியில் கறுப்புப் பசை படிந்திருந்தது. விரலால் தொட்டால் நகத்துக்குள் போய் நின்றது. எரிந்த தட்டுகளின் தூள்.

மறுபடி இறக்கி, தட்டுகளையும் சீல்களையும் மாற்றி, சித்திரையில் ஏற்றினோம். இந்த முறை கேபிளை நானே சரிசெய்தேன். ஒருவர் மிதியை அடிவரை மிதிக்க, உள்கம்பியில் நசுக்கி வைத்திருக்கும் சிறு வளையத்துக்கும் ரப்பர் உறையின் நுனிக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளி பூச்சியத்திலிருந்து ஒரு மில்லிமீற்றர் வரைதான். இதை எழுதி உன் கராஜ் சுவரில் ஒட்டு. கூடவே ரேடியேற்றருக்கு முன்னால் தனியாக ஒரு எண்ணெய்க் குளிரூட்டியும் வைத்தேன். எங்கள் சித்திரை வெயிலுக்கு ரேடியேற்றரின் அடித்தொட்டியில் இருப்பது போதாது என்பது என் எண்ணம்.

முதல் ஓட்டத்துக்குப் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போனேன். இப்போது சோளகம் அல்லவா, கடல் நடுவே எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. நான்காவதில் போய், தாங்காமல் மூன்றுக்கு இறங்கி, மறுபடி நான்குக்கு ஏறி என்று பெட்டி தத்தளித்தது. கியர்க் கம்பியில் உள்ள பொத்தானை அமுக்கி ஓவர்டிரைவை நிறுத்தியதும் அமைதியானது. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில். அறுபதைத் தாண்டியதும் மூன்றிலிருந்து நான்கு, பிறகு இன்னொரு மெல்லிய இறக்கம். லொக்-அப் பிடிக்கிறது. இயந்திர ஓசை அடங்கி, ரயர் தாரில் உருளும் சத்தமும் கடற்காற்றின் சத்தமும் மட்டும் கேட்டன. அந்தக் காருக்குள் நாற்பது ஆண்டாக நான் கேட்காத சத்தம் அது. அப்பா கேட்டிருக்கவேண்டும் மச்சான்.

நேற்று வவுனியா போய்வந்ததில் லீற்றருக்குப் பதினொன்று ஓடியது. முன்பு ஒன்பதைத் தாண்டியதில்லை. பட்டணத்துக்குள் ஒரு வித்தியாசமும் இல்லை, அங்கே நான்காவது கியர் விழுவதே இல்லை. முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கினேன்.

இப்போது உன் கேள்வி. உன் கொரோலாவிலும் இதைச் செய்யலாமா? உன் ஓட்டம் கண்டியும் நுவரெலியாவும்தான் என்றால் செய்யாதே என்றுதான் சொல்வேன். ரம்பொடை ஏற்றத்தில் நான்காவது கியருக்கு வேலையே இல்லை. பொத்தானை அமுக்கியபடியேதான் ஓட்டவேண்டிவரும். இறக்கத்தில் இன்னும் மோசம், நான்காவதில் இயந்திரம் காரைப் பிடித்து நிறுத்தாது, பாரம் முழுவதும் பிரேக்கில் விழும். ஆனால் ஓய்வு எடுத்துக்கொண்டு இங்கே வந்து குடியேறும் எண்ணம் இன்னும் இருக்கிறது என்றால் கதை வேறு. பழைய பெட்டிக்கு எண்ணெய் மாற்றி, கேபிளைச் சரிபார்த்து, அதுவரை அதையே ஓட்டு.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஆறு கிழமைதான் இருக்கிறது. தேருக்காவது வா. பஸ்ஸில் வராதே, காரிலேயே வா. புறப்படுமுன் அடியில் படுத்துப் பெட்டியின் எழுத்தையும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தையும், பின் அச்சின் விகிதத்தையும் குறித்துக்கொண்டு வா. பஞ்சிகாவத்தையில் இன்னொரு பெட்டி இருக்கிறது, உனக்குப் பொருந்துமா என்று அதை வைத்துத்தான் பார்க்கவேண்டும். தேர் முடியும்வரை பிறருக்குக் கொடுக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அயலவன்